பழைய வேகன் ஆர் முன் ஸ்ட்ரட்: வீட்டு வாசலிலேயே மாற்றலாமா?

வாசல்_மெக்கானிக்:
2008 வேகன் ஆர், 1,10,000 கி.மீ. ஓடியது. வேகத்தடையில் இறங்கினால் முன்னால் 'டொக்' என்று சத்தம். தாண்டிய பிறகும் மூக்கு இரண்டு மூன்று முறை ஆடுகிறது. வலது ஸ்ட்ரட் (சக்கரத்துக்கு மேலே ஸ்பிரிங்கோடு நிற்கும் ஷாக் அப்சார்பர்) முழுக்க ஆயில் கசிந்து, மேலே மண் அப்பிக் கிடக்கிறது. கூலியைக் கேட்டதும் நானே மாற்றலாம் என்று தோன்றியது. ஜாக்கி, ஸ்பேனர் செட், இரண்டு ஸ்டாண்டு இருக்கின்றன. இறங்கலாமா?

கிரீஸ்_கை:
வேண்டாம் தம்பி. இருபது வருடமாக இதே வேலை பார்க்கிறேன். ஸ்ட்ரட்டை வண்டியிலிருந்து இறக்குவது பெரிய காரியமில்லை. அதைச் சுற்றி அமுங்கி உட்கார்ந்திருக்கிறதே காயில் ஸ்பிரிங், அதுதான் எமன். ஸ்பிரிங்கை அமுக்கிப் பிடிக்காமல் உச்சியில் இருக்கும் நடு நட்டைக் கழற்றினால், மேல் கப் முகத்தைப் பெயர்த்துக்கொண்டு போகும்.

கோவை_பானெட்:
அண்ணே, நட்டைத் தொடாதே என்றால் சரி, வண்டியையே தொடாதே என்றால் எப்படி? போன வருடம் ஒரு ஒர்க்‌ஷாப்பில் பக்கத்திலேயே நின்று பார்த்தேன். ஸ்ட்ரட்டுக்குள் ஏறி இறங்கும் பளபளப்பான ராடைப் பிளையரால் கடித்துப் பிடித்துக்கொண்டு நட்டை முறுக்கினார்கள். அந்தக் கீறல் மேலும் கீழும் போய்ப்போய் ஆயில் சீலை அறுத்து, புது ஸ்ட்ரட் மூன்றே மாதத்தில் ஒழுகியது. நம் வண்டிக்கு நாம் காட்டும் பொறுமையை வேறு யார் காட்டுவார்?

கிரீஸ்_கை:
ஒருவன் செய்த தப்புக்கு எல்லோரையும் சேர்க்காதே. நீ சொல்கிற பொறுமையோடு, ஸ்பிரிங்கை அமுக்க மலிவாகக் கிடைக்கிற கம்ப்ரஸரை வாங்கி மாட்டுவான். இரண்டு கொக்கியும் எதிரெதிரே சமமாக உட்காரவில்லை என்றால் ஸ்பிரிங் வில்லாக வளையும். வளைந்தால் நழுவும். அப்போது வாசலில் குழந்தை நின்றால்?

மழைக்காலம்:
சண்டைக்கு நடுவில் ஒரு கேள்வி. மூக்கு ஆடுவதற்கு ஸ்ட்ரட் காரணம், ஒத்துக்கொள்கிறேன். 'டொக்' சத்தத்துக்கும் அதுதான் என்று யார் சொன்னது? சக்கரத்தைக் கீழே பிடிக்கும் லோயர் ஆர்மின் பால் ஜாயின்ட், புஷ், ஸ்ட்ரட் உச்சியை பாடியோடு பிணைக்கும் டாப் மவுண்ட் ரப்பர், எது தேய்ந்தாலும் அப்படிக் கேட்கும். வண்டி நிற்கும்போது ஒருவரை ஸ்டீயரிங்கைத் திருப்பச் சொல்லி, ஸ்பிரிங்கில் லேசாகக் கை வைத்துப் பாருங்கள். திக்கித் திக்கித் துள்ளினால் மேலே பேரிங் போயிருக்கிறது.

கோவை_பானெட்:
நல்ல கேள்வி. வாசல் தம்பி, நான் செய்தது இதுதான்: ஸ்ட்ரட்டை வீட்டில் இறக்கினேன், ஸ்பிரிங்கோடு அப்படியே பைக்கில் வைத்துப் பட்டறைக்குக் கொண்டுபோய், பெஞ்சில் வைத்து அமுக்கும் மிஷினில் ஸ்பிரிங்கை மட்டும் புது ஸ்ட்ரட்டுக்கு மாற்றி வாங்கினேன். இறக்கும்போது பிரேக் ஹோஸை பிராக்கெட்டிலிருந்து எடுத்துவிடுங்கள். ஸ்ட்ரட்டின் அடியில் சக்கரத்தைத் தாங்கும் நக்கிளைக் கம்பியால் கட்டித் தொங்கவிடுங்கள். வெளியே சாய்ந்தால் ஹோஸும் இழுபடும், டிரைவ் ஷாஃப்ட் ஜாயின்ட்டும் கழன்றுகொள்ளும். கீழே இரண்டு போல்ட்டைத் தொடும் முன், பிராக்கெட் ஓரத்தை ஒட்டி நக்கிளில் பெயிண்ட் கோடு போடுங்கள். அந்தத் துளைகளில் கொஞ்சம் ஆட்டம் இருக்கும், சக்கரம் சாய்ந்து நிற்கும் கோணம், அதாவது கேம்பர், மாறிவிடும்.

கிரீஸ்_கை:
ஸ்பிரிங்கைப் பட்டறைக்கு அனுப்புவது என்றால் எனக்கு ஆட்சேபணை இல்லை. இதை முதலிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் ஜாக்கியை மட்டும் நம்பிக் கீழே கை விடாதே, ஸ்டாண்டு போடு, பின் சக்கரத்துக்குக் கல் வை. ஒழுகுவது ஒரு பக்கம் என்றாலும் இரண்டையும் மாற்று. பம்ப் ஸ்டாப் ரப்பர், டாப் மவுண்ட், பேரிங் எல்லாம் புதுசு போடு. பழையதை வைத்துவிட்டு மறுபடி கழற்றுவது இரட்டை வேலை. மாட்டும் முன் புது ஸ்ட்ரட்டை நிமிர்த்தி வைத்து நாலைந்து முறை அமுக்கி இழுத்துவிடு, உள்ளே இருக்கிற காற்று போகும். அப்புறம் வீல் அலைன்மென்ட். கோடு போட்டாலும் அலைன்மென்ட் கட்டாயம்.

வாசல்_மெக்கானிக்:
ஞாயிறு முடித்துவிட்டேன். வலது ஒரு மணி நேரம். இடது கீழ் போல்ட் துருப்பிடித்து அசையவே இல்லை. சனி ராத்திரி துரு ஆயில் அடித்து ஊறவிட்டு, காலையில் ஸ்பேனருக்கு நீளமாக ஒரு பைப் செருகி மிதித்த பிறகுதான் 'கிறீச்' என்று இளகியது. டாப் மவுண்ட் ரப்பர் கிழிந்து இரும்பு தெரிந்தது, மழைக்காலம் அண்ணன் சொன்னது சரி. இப்போது சத்தம் இல்லை, ஆட்டம் இல்லை. வண்டி மட்டும் லேசாக இடது பக்கம் இழுக்கிறது.

கிரீஸ்_கை:
பெயிண்ட் கோடு போட்டாயா?

வாசல்_மெக்கானிக்:
வலது பக்கம் போட்டேன்.