பிரிண்டர் போர்ட்டில் செருகும் பழைய லாக்: புதிய விண்டோஸில் ஓட்ட அதை உடைக்கலாமா?

அச்சகத்தார்

கும்பகோணத்தில் சிறிய அச்சகம் நடத்துகிறேன். 1990களின் பிற்பகுதியில் முழு விலை கொடுத்து வாங்கிய ஒரு தமிழ் டி.டி.பி. மென்பொருளில்தான் எங்கள் தொழிலே நடந்தது. கணினியின் பின்னால், பிரிண்டர் கேபிள் மாட்டும் 25 துளைப் போர்ட்டில் அதற்குரிய ஹார்ட்வேர் லாக், அதாவது காசு கொடுத்து வாங்கியவர்தானா என்று சரிபார்க்கும் சின்னக் கருவி, செருகியிருக்க வேண்டும். பிடுங்கினால் தமிழ் விசைப்பலகை நின்றுவிடும், எழுத்துருக்களும் மறைந்துவிடும். இத்தனை காலம் ஒரு விண்டோஸ் 98 கணினியில் அதைக் காப்பாற்றி வந்தோம். இப்போது மதர்போர்டில் கெப்பாசிட்டர்கள் உப்பிக்கொண்டு நிற்கின்றன. இன்றைக்கோ நாளைக்கோ என்றிருக்கிறது.

புதிதாக வாங்கிய கணினியில் விண்டோஸ் 11. பழைய சிடியைப் போட்டால் நிறுவும் நிரலே திறக்க மறுக்கிறது. அந்தப் போர்ட்டும் புதிய கணினியில் கிடையாது. விற்றவர்கள் கடையை மூடி வெகுகாலம் ஆகிறது. கோயில் தலபுராணங்கள், சித்த மருத்துவ நூல்கள், பள்ளி ஆண்டு மலர்கள் என்று, பக்கம் வடிவமைக்கும் பேஜ்மேக்கர் மென்பொருளில் செய்த கோப்புகள் ஏராளமாகக் கிடக்கின்றன. லாக் செருகியிருப்பதுபோல மென்பொருளை நம்பவைக்கும் கிராக் இணையத்தில் கிடைக்கிறது என்று எங்கள் டிசைனர் சொல்கிறார். காசு கொடுத்து வாங்கிய பொருள். போட்டுக்கொண்டால் என்ன தப்பு?

முன்னாள் நிரலர்

தப்புத்தான் ஐயா. நானும் தமிழ் மென்பொருள் எழுதிப் பிழைத்தவன். ஓர் ஊரில் ஒரு கடைக்காரர் வாங்கினால் அடுத்த வாரம் அந்தத் தெருவிலுள்ள எல்லா டி.டி.பி. சென்டர்களிலும் அதே ஃபிளாப்பி ஓடிக்கொண்டிருக்கும். லாக் வைத்த பிறகுதான் எங்களைப் போன்றவர்கள் வீட்டில் மாதாமாதம் சம்பளம் என்று ஒன்று வந்தது. நிறுவனம் மூடிவிட்டதால் உரிமை செத்துவிடாது. அது யாரோ ஒருவர் கையில் இருக்கும். தேடிப் பிடித்து எழுத்துமூலம் அனுமதி கேளுங்கள். கேட்காமலேயே கிராக் பக்கம் போவது சரியில்லை.

கருவிப்பெட்டி

முதலில் இயந்திரத்துக்குள் என்ன நடக்கிறது என்று பார்த்துவிடலாம். அந்த மென்பொருள், போர்ட்டின் 378 என்ற முகவரிக்கு நேரடியாகச் சில பைட்டுகளை அனுப்பும். லாக்குக்குள் இருக்கும் சில்லு அவற்றுக்குரிய பதிலைத் திருப்பித் தரும். பதில் பிசகினால் மென்பொருள் படுத்துவிடும். விண்டோஸ் 98, எந்த நிரல் வேண்டுமானாலும் போர்ட்டைத் தொடலாம் என்று விட்டுவைத்திருந்தது. எக்ஸ்பி, 7, 10, 11 என்று விண்டோஸ் என்.டி. வழியில் வந்தவை எதுவும் அப்படி விடாது, விண்டோஸின் மையப்பகுதியான கெர்னலில் ஓடும் டிரைவர் (கருவியோடு பேசும் இடைநிரல்) ஒன்று நடுவில் வேண்டும். விஸ்டா காலத்திலிருந்தே 64 பிட் விண்டோஸில் டிஜிட்டல் கையொப்பம் இல்லாத டிரைவர் ஏறாது. உங்கள் காலத்து டிரைவருக்குக் கையொப்பமும் இருக்காது, 64 பிட் வடிவமும் இருக்காது. நிறுவும் நிரல் திறக்காததற்குக் காரணம் வேறாக இருக்கலாம். அந்தக் காலத்து நிறுவும் நிரல்கள் பல 16 பிட். 64 பிட் விண்டோஸில் 16 பிட் நிரல் ஓடவே ஓடாது, விண்டோஸ் 11-க்கோ 32 பிட் பதிப்பே கிடையாது.

யூ.எஸ்.பி.யிலிருந்து பிரிண்டர் போர்ட்டுக்கு மாற்றும் கேபிளைக் கடைக்காரர் தூக்கிக் காட்டுவார். வாங்கிவிடாதீர்கள். அது பிரிண்டரோடு பேசுவதற்கு மட்டுமே, 378 என்ற முகவரி அதில் இராது. பி.சி.ஐ. எக்ஸ்பிரஸ் அட்டை மாட்டினால் உண்மையான போர்ட் வரும், ஆனால் பெரும்பாலும் வேறு முகவரியில் போய் உட்காரும், பழைய மென்பொருள் அங்கே தேடாது. அந்த அட்டையோடு, மென்பொருளாகவே இயங்கும் மெய்நிகர் கணினிக்குள் விண்டோஸ் 98-ஐ ஓட்டினால் உள்ளே போர்ட் 378-இலேயே தெரியும்படி செய்யலாம். சில லாக்குகள் பதில் வரும் வேகத்தையும் அளக்கும், அவை அங்கே முரண்டு பிடிக்கும். எனவே என் முதல் யோசனை, போர்ட் உள்ள பழைய மதர்போர்டு ஒன்றைத் தேடிப் பிடித்து, இணையத்தோடு இணைக்காமல் அதிலேயே ஓட்டுவது. கிராக்கை யோசிக்க வேண்டிய கட்டம் இன்னும் வரவில்லை.

அச்சகத்தார்

அந்தப் பழைய மதர்போர்டும் ஒருநாள் போகும். லாக்கே போய்விட்டால்? கால் நூற்றாண்டாக வெப்பத்திலும் தூசியிலும் கிடக்கும் சில்லு அது. அனுமதி கேட்கச் சொல்கிறார் நிரலர். சிடி உறையில் இருக்கும் முகவரிக்குப் பதிவுத் தபால் அனுப்பினேன். அப்படி யாரும் இல்லை என்று திரும்பி வந்துவிட்டது. இனி யாரிடம் போய்க் கேட்பது?

சிடி சேகரிப்பவர்

நிரலர் ஐயாவுக்கு ஒன்று நினைவூட்ட வேண்டும். இந்தப் பூட்டுகளைப் போட்டவர்கள் வாங்கியவனைப் பற்றிக் கவலைப்பட்டதே இல்லை. சேஃப்டிஸ்க் கதையைப் பாருங்கள். 2000-ஐ ஒட்டிய ஆண்டுகளில் வந்த எத்தனையோ கணினி விளையாட்டுகளின் சிடிகளில் இருந்த பூட்டு அது. மேக்ரோவிஷன் நிறுவனத்துடையது. அதற்கான செக்டிரைவ் என்ற டிரைவரை மைக்ரோசாஃப்ட் எக்ஸ்பியோடு சேர்த்தே கொடுத்தது. விளையாட்டையே கண்ணால் பார்க்காதவர் கணினியிலும் அது இருந்தது. 2007-இல் அதில் ஓட்டை கண்டுபிடித்தார்கள்: சாதாரணக் கணக்கில் நுழைந்த ஒருவர் கணினி முழுவதையும் தன் கைக்குள் கொண்டுவந்துவிடலாம். அந்த டிசம்பரில் திருத்தம் வந்தது. 2015-இல் விண்டோஸ் 10 அந்தப் பூட்டுக்கு ஆதரவே இல்லாமல் வெளியானது. அதே செப்டம்பரில் விஸ்டா, 7, 8, 8.1 எல்லாவற்றிலும் ஒரு பாதுகாப்புத் திருத்தத்தின் வழியாக அந்த டிரைவரை முடக்கிவிட்டார்கள். அசல் சிடியைக் காசு கொடுத்து வாங்கி அலமாரியில் வைத்திருந்தவர்களின் விளையாட்டுகள் ஒரே இரவில் நின்றன. திருட்டுப் பிரதி வைத்திருந்தவருக்கு ஒன்றும் ஆகவில்லை, அவரிடம் பூட்டு ஏற்கெனவே உடைந்திருந்தது. நேர்மையாக வாங்கியவனை மட்டும் தண்டிக்கும் பூட்டுக்கு என்ன மரியாதை?

முன்னாள் நிரலர்

சேஃப்டிஸ்க்கை நிறுத்தியது சரியான முடிவு. கணினியையே திறந்துவிடும் டிரைவரை யாரும் வைத்திருக்கக் கூடாது. ஆனால் அந்தக் கதை எனக்குச் சொல்வது வேறு. பூட்டின் டிரைவரிலேயே இப்படி ஓட்டை இருக்குமென்றால், பெயர் தெரியாத ஒருவர் எழுதிப் போட்ட கிராக்கில் என்ன இருக்கும்? லாக்கைப் போல நடிக்க வேண்டுமானால் அதுவும் பெரும்பாலும் கெர்னலுக்குள்தான் உட்காரும். விண்டோஸ் 11-இல் அதை ஏற்றக் கையொப்பச் சோதனையை அணைக்கச் சொல்வார்கள், நினைவக ஒருமைப்பாட்டுப் பாதுகாப்பை அணைக்கச் சொல்வார்கள். வாடிக்கையாளரின் கோப்புகள், ஜி.எஸ்.டி. கணக்கு, வங்கி எல்லாம் இருக்கும் கணினியில் அதைச் செய்யச் சொல்கிறீர்களா?

சட்டம் படிப்பவர்

சட்டத்தில் என்ன இருக்கிறது என்று சொல்லிவிடுகிறேன். இதை வழக்குரைஞர் ஆலோசனையாக எடுத்துக்கொள்ள வேண்டாம். இந்தியப் பதிப்புரிமைச் சட்டம், 1957-இன் 52(1)(ஏஏ) பிரிவு, மென்பொருளைச் சட்டப்படி வைத்திருப்பவர் அது எதற்காகத் தரப்பட்டதோ அந்தப் பயனுக்காகப் பிரதி எடுக்கவும் மாற்றியமைக்கவும் இடம் கொடுக்கிறது. தொலைந்தோ அழிந்தோ போகாமல் காக்கும் காப்புப் பிரதியும் இதில் அடங்கும். 2012 திருத்தத்தில் வந்த 65ஏ பிரிவு, பூட்டை மீறுவதற்கு இரண்டு ஆண்டு வரை சிறையும் அபராதமும் சொல்கிறது. ஆனால் 'உரிமையை மீறும் நோக்கத்தோடு' மீறினால்தான் குற்றம். அச்சகத்தாருக்கு அந்த நோக்கம் இல்லை.

அமெரிக்காவில் விதி இதைவிட இறுக்கமானது. அங்கேயே 2003, 2006, 2010 ஆகிய ஆண்டுகளில் இதற்கு விலக்கு கொடுத்தார்கள். லாக் பழுதாகி, அந்த வகை லாக் வழக்கொழிந்தும் போயிருந்தால் அதை மீறலாம் என்று அந்த விலக்கில் இருந்தது. மாற்றுப் பொருளோ பழுதுபார்ப்போ சந்தையில் நியாயமான வழியில் கிடைக்கவில்லை என்றால் அது வழக்கொழிந்ததாகக் கொள்ளப்பட்டது.

முன்னாள் நிரலர்

அந்த விலக்கிலேயே லாக் பழுதாகியிருக்க வேண்டும் என்று இருக்கிறதே! இவருடைய லாக் இன்றுவரை ஓடுகிறது. கெட்டது மதர்போர்டு. மேலும், சட்டம் படிப்பவர் 63பி பிரிவை விட்டுவிட்டார். உரிமை மீறிய மென்பொருள் பிரதியைத் தெரிந்தே கணினியில் பயன்படுத்தினால் குறைந்தது 7 நாள், அதிகபட்சம் மூன்று ஆண்டு சிறை. இணையத்தில் கிடைப்பது லாக்கை மட்டும் ஏமாற்றும் சின்னக் கோப்பாகவா இருக்கும்? மென்பொருள் முழுவதையும் வெட்டி ஒட்டிய பிரதியாகத்தான் பெரும்பாலும் இருக்கும்.

சட்டம் படிப்பவர்

63பி சரி. வேறொருவரின் வெட்டி ஒட்டிய பிரதியை இறக்குவதை நானும் ஆதரிக்கவில்லை. தன் லாக், தன் சிடி, தன் கணினி என்ற எல்லைக்குள் ஒருவர் செய்துகொள்வதுதான் என் வாதம். அதற்கு வெளியாள் உதவினால் யாருக்காக, எதற்காக என்ற முழு விவரத்தையும் அவர் பதிவு செய்து வைக்க வேண்டும் என்று 65ஏ சொல்கிறது. அப்படிப் பதிவு வைக்கும் ஒருவரைக் கொண்டு உங்கள் லாக்கின் பதில்களைப் படித்து வைத்துக்கொள்வது ஒன்று, முகம் தெரியாத தளத்திலிருந்து இறக்குவது வேறொன்று. முன்னதை நான் செய்யச் சொல்வேன், லாக் உயிரோடு இருக்கும்போதே. செத்த பிறகு படிக்க எதுவும் இராது.

சிடி சேகரிப்பவர்

இந்த வேலையைச் செய்திருக்க வேண்டியது விற்றவர்கள். அடோபி தன் சி.எஸ். 2 மென்பொருள் தொகுப்பின் ஆக்டிவேஷன் சர்வரை (உரிமத்தை இணையத்தில் சரிபார்க்கும் கணினியை) நிறுத்தியபோது, ஏற்கெனவே வாங்கியவர்களுக்காக ஆக்டிவேஷன் தேவையில்லாத பதிப்பையும் அதற்கான வரிசை எண்ணையும் தன் தளத்திலேயே வைத்தது. மனம் இருந்தால் முடியும் என்பதற்கு அது சாட்சி. நம் ஊர் நிறுவனங்கள் கடையை மூடும்போது லாக் கேட்காத ஒரு பதிப்பை விட்டுப் போயிருந்தால் இன்று இந்த விவாதமே தேவைப்பட்டிருக்காது.

முன்னாள் நிரலர்

அதை ஒப்புக்கொள்கிறேன். நாங்கள் செய்திருக்க வேண்டும்.

தரவு மீட்பவர்

எல்லோரும் மென்பொருளைப் பற்றியே பேசுகிறீர்கள். ஐயாவுக்கு வேண்டியது மென்பொருளா, உள்ளே இருக்கும் தமிழா? லாக்கை உடைத்து இன்னும் பத்தாண்டு ஓட்டினாலும் அந்தத் தமிழ் அதே சிறையில்தான் இருக்கும். 8 பிட் எழுத்துருக்களில் ஒவ்வொரு நிறுவனமும் தனக்கென்று ஒரு குறியீட்டு அட்டவணை வைத்திருந்தது. 1999-இல் டாம், டாப் என்று இரண்டு பொது அட்டவணைகளைத் தமிழக அரசு தரப்படுத்திய பிறகும் பலர் தங்கள் அட்டவணையை விடவில்லை. எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் ரோமன் எழுத்துக் குப்பையாகத்தான் தெரியும்.

பழைய கணினி மூச்சு விடும்போதே மூன்று வேலையை முடித்துவிடுங்கள். ஹார்ட் டிஸ்க்கை முழுவதுமாகப் படியெடுங்கள். ஒவ்வொரு நூலையும் பேஜ்மேக்கரிலிருந்து பி.டி.எஃப். ஆக்குங்கள், நேராக வரவில்லையென்றால் போஸ்ட்ஸ்கிரிப்ட் கோப்பாக அச்சிட்டு வேறு கணினியில் மாற்றிக்கொள்ளலாம். பிறகு உரையைத் தனியே ஏற்றுமதி செய்து, எல்லாக் கணினிக்கும் பொதுவான குறியீடான யூனிகோடுக்கு மாற்றுங்கள். மாற்றியதை அப்படியே நம்பிவிடாதீர்கள். பழைய குறியீட்டில் 'கொ' என்பது கண்ணுக்குத் தெரியும் வரிசையில் கொம்பு, க, கால் என்று மூன்று துண்டாக இருக்கும். யூனிகோடில் 'க'தான் முதலில். நல்ல மாற்றிகள் இதைச் சரியாகச் செய்யும். 'கௌரி'யில்தான் மாட்டும். பல பழைய எழுத்துருக்களில் ஔகாரத்தின் பின்பாதிக்கும் 'ள'வுக்கும் ஒரே குறியீடு, அதனால் 'கெளரி' என்று வரும். அதையெல்லாம் ஆள்தான் உட்கார்ந்து மெய்ப்புப் பார்க்க வேண்டும்.

அச்சகத்தார்

உரை மட்டும் போதாது தம்பி. தலபுராணத்தில் பாட்டு, உரை, அடிக்குறிப்பு, படம் எல்லாம் பக்கத்துக்குப் பக்கம் கோத்துவைத்தவை. மறுபதிப்பில் ஒரு வரி திருத்த வேண்டுமென்றால் பி.டி.எஃப். உதவாது. பக்கமே திறக்க வேண்டும்.

கருவிப்பெட்டி

பக்க அமைப்புக்கு ஒரு வழி இருக்கிறது. பேஜ்மேக்கர் 6.0 முதல் 7.0 வரையிலான கோப்புகளை, அடோபியின் பக்க வடிவமைப்பு மென்பொருளான இன்டிசைன் சி.எஸ். 6 பதிப்பு வரை திறக்கும், அதற்குப் பின் வந்த சி.சி. பதிப்புகள் திறக்காது. சி.எஸ். 6 உரிமம் வைத்திருக்கும் அச்சகம் ஏதாவது உங்கள் பக்கத்தில் இருக்கும், விசாரித்துப் பாருங்கள். லாக் இல்லாமல் எழுத்துரு வருமா என்பதைத்தான் முதலில் சோதிக்க வேண்டும். வராவிட்டால் சட்டம் படிப்பவர் சொன்ன வழிதான் மிச்சம்.

முன்னாள் நிரலர்

எழுத்துருவை லாக்கிலிருந்து பிரித்தெடுப்பதும் உடைப்பதுதான். என் நிலையில் மாற்றமில்லை. ஆனால் அந்த சிடி உறையில் அச்சிட்டிருக்கும் பதிப்பு எண்ணையும் ஊரையும் மட்டும் எனக்குத் தனிச்செய்தியில் அனுப்புங்கள் ஐயா. அந்தக் காலத்தில் இந்தத் தொழிலில் இருந்தவர்கள் மிகச் சிலர். எழுதியவர் யாரென்று விசாரித்துப் பார்க்கிறேன்.

அச்சகத்தார்

அனுப்பிவிட்டேன். ஹார்ட் டிஸ்க்கைப் படியெடுக்க இன்று மாலை ஆள் வருகிறார்.