ஸ்கேன் நார்மல், வயிறு மெத்தென்று இருக்கிறது, ஆள் மட்டும் துடிக்கிறார்: அடுத்து எதைத் தேடுவது?

நைட்டூட்டி_அரூர்

வணக்கம். அரூர், பென்னாகரம், பாலக்கோடு பக்கம் தாலுகா அளவு ஆஸ்பத்திரிகளில் இரவு டூட்டி பார்ப்பவர்கள் எல்லோருக்கும் பயன்படும் என்று கேட்கிறேன். கையில் இருப்பது ஈசிஜி, எக்ஸ்ரே, அடிப்படை லேப், பகலில் மட்டும் அல்ட்ராசவுண்ட். சிடி வேண்டுமென்றால் தர்மபுரி, இல்லாவிட்டால் சேலம்.

அப்பெண்டிக்ஸ், பித்தப்பைக் கல், கிட்னிக் கல், அல்சர் ஓட்டை, கணைய அழற்சி, பெண்களுக்குக் கருக்குழாய்க் கர்ப்பம், இவையெல்லாம் யாருக்கும் முதலிலேயே நினைவுக்கு வந்துவிடும். என் கேள்வி அதற்கு அடுத்தது. திடீரென்று தாங்க முடியாத வயிற்றுவலி. தொட்டால் வயிறு இறுகவில்லை. நிற்க வைத்து எடுத்த எக்ஸ்ரேயில் உதரவிதானத்துக்குக் கீழே காற்று இல்லை. அமைலேஸ் நார்மல், யூரின் நார்மல். வலி ஊசி போட்டும் புரள்கிறார். "கேஸ்" என்று எழுதி அனுப்புவதற்கு முன்னால் எதையெதை நினைக்க வேண்டும்? எதை இங்கேயே பார்த்துவிடலாம், எதற்கு உடனே வண்டி ஏற்ற வேண்டும்?

பொதுமருத்துவம்_கிருஷ்ணகிரி

முதலில் கருவியே தேவைப்படாத ஒன்று, பாம்புக்கடி. விடியற்காலை 3 மணிக்கும் 6 மணிக்கும் நடுவில் வலியோடு வருகிறவரிடம், ராத்திரி எங்கே படுத்திருந்தார் என்று கேளுங்கள். தரையிலா, திண்ணையிலா, காட்டுக்கொட்டாயிலா? தரை என்றால் வயிற்றை விட்டுவிட்டு இமையைப் பாருங்கள்.

கட்டுவிரியன் பெரும்பாலும் நள்ளிரவுக்குப் பிறகு, தூங்குகிறவரைக் கடிக்கிறது. பல் மிகச் சிறியது. கடித்த இடத்தில் வீக்கம் இல்லை, வலி இல்லை, பல நேரம் தடமே தெரியாது. அவருக்குக் கடிபட்டதே தெரியாமல் இருக்கலாம். முதல் புகார் வயிற்றுவலி, வாந்தி, சில சமயம் தொண்டை அடைக்கிற மாதிரி உணர்வு. இமை தொங்குவது அதற்குப் பிறகுதான். ராகி மூட்டையும் கோழிக்கூண்டும் உள்ள வீட்டில் எலி இருக்கும், எலி இருந்தால் பாம்பும் வரும். இந்த மாவட்டங்களில் இதை அபூர்வக் காரணங்களின் பட்டியலில் கடைசியில் வைப்பது சரியல்ல.

பார்க்கிற முறை: தலையை அசைக்காமல் ஒரு நிமிடம் விடாமல் மேலே பார்க்கச் சொல்லுங்கள். களைத்து இமை இறங்குகிறதா? தலையணையிலிருந்து தலையைத் தூக்கிப் பிடிக்க முடிகிறதா? ஒரே மூச்சில் எத்தனை வரை எண்ணுகிறார்? அந்த எண்ணைக் குறித்துவைத்து அரை மணிக்கு ஒரு தடவை திரும்பப் பாருங்கள். 30 வரை எண்ணியவர் 15-க்கு இறங்கினால் மூச்சுத் தசை தளர்கிறது.

இங்கே வழக்கமாகச் சறுக்குகிற இடம் ஒன்று உண்டு. 20 நிமிட ரத்த உறைவுச் சோதனை செய்து, ரத்தம் உறைந்துவிட்டது, அதனால் பாம்பு இல்லை என்று முடிவு கட்டுவது. அந்தச் சோதனை கண்ணாடி விரியனுக்கும் சுருட்டைக்கும் உதவும். கட்டுவிரியன் விஷம் நரம்பைத் தாக்குவது, ரத்தம் வழக்கம்போல் உறையும்.

அடுத்து சுகர். குளுக்கோமீட்டரில் 400 காட்டினால் யாரும் தவற விடுவதில்லை. டாபாகிளிஃப்ளோசின் வகை சுகர் மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு சுகர் 250-க்குக் கீழே இருக்கும்போதே கீட்டோஅசிடோசிஸ் (ரத்தத்தில் கீட்டோன் அமிலம் சேர்வது) வரலாம். வயிறு வலிக்கும், வாந்தி வரும், மூச்சு ஆழமாக வாங்கும். மாத்திரைச் சீட்டை வாங்கிப் பாருங்கள். யூரின் ஸ்டிரிப்பில் கீட்டோன் பாருங்கள், ஆனால் அதற்குத் தெரிவது அசிட்டோஅசிடேட் மட்டும்தான். ஹைட்ராக்ஸிபியூட்டிரேட் தெரியாது. ஸ்டிரிப்பில் லேசாக இருந்தாலும் ரத்தத்தில் பைகார்பனேட் பார்க்காமல் விடாதீர்கள்.

ஈசிஜி எல்லோருக்கும் தெரிந்ததுதான். மேல்வயிற்று வலி, வயது 35-க்கு மேல் என்றால் பத்து நிமிடத்துக்குள் எடுத்துவிட வேண்டும். இதயத்தின் கீழ்ச்சுவர் அட்டாக் வயிற்றுவலியாகவும் வரும்.

கத்தி_பிடிப்பவன்

மேலே சொன்னதை ஆமோதிக்கிறேன். அறுவைப் பக்கமிருந்து ஒன்றே ஒன்றை விரித்துச் சொல்கிறேன், அதில்தான் உயிர் போகிறது: குடலுக்குப் போகும் பெரிய தமனியில் அடைப்பு, மெசென்டெரிக் இஸ்கீமியா.

நீங்கள் எழுதியிருக்கிற வர்ணனையே அதன் அடையாளம். வலி மலையளவு, வயிற்றில் கைக்கு அகப்படுவது ஒன்றுமில்லை. குடல் பட்டினி கிடக்கும்போது வலிக்கிறது, ஆனால் பெரிட்டோனியம் (வயிற்றின் உள்ளுறை) இன்னும் எரியவில்லை, அதனால் இறுக்கம் இல்லை. இறுகிப் பலகை மாதிரி ஆகிற நேரத்தில் குடல் செத்துவிட்டது என்று அர்த்தம். எனவே வயிறு மெத்தென்று இருப்பதை ஆறுதலாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

நாடியைப் பிடியுங்கள். தாறுமாறாக ஓடினால் ஏட்ரியல் ஃபைப்ரிலேஷன் (இதய மேலறையின் ஒழுங்கற்ற துடிப்பு), ரத்தக்கட்டி அங்கேயிருந்துதான் கிளம்பிவருகிறது. நம் ஊரில் வயதானவர்களை மட்டும் பார்த்தால் போதாது. சிறுவயதில் ருமாட்டிக் காய்ச்சல் வந்து மைட்ரல் வால்வு சுருங்கிய முப்பது வயதுப் பெண்ணுக்கும் இது வரும். ரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரினை நிறுத்தினாரா என்று கேளுங்கள்.

தேவைப்படுவது சிடி ஆஞ்சியோ. "சிடி வயிறு" என்று மொட்டையாக எழுதி அனுப்பினால் கான்ட்ராஸ்ட் இல்லாமல் பிளெயின் எடுத்து "குறிப்பிடத்தக்கது ஏதுமில்லை" என்று ரிப்போர்ட் வரும், அதை வைத்துக்கொண்டு மூன்று மணி நேரம் போகும். படிவத்தில் சந்தேகத்தை எழுதுங்கள்: தமனிக் கட்டம், போர்ட்டல் சிரைக் கட்டம், இரண்டும் வேண்டும். வாய்வழி கான்ட்ராஸ்ட் வேண்டாம், அது நேரத்தையும் தின்னும், குடல் சுவரையும் மறைக்கும். கிரியேட்டினின் ரிசல்ட்டுக்காகக் காத்திருக்க வேண்டாம். கிட்னி கெடலாம் என்ற பயத்தைவிடக் குடல் அழுகும் என்ற பயம் பெரியது.

ரத்தத்தில் லேக்டேட் (ஆக்சிஜன் கிடைக்காத திசு விடும் அமிலம்) நார்மல் என்றால் இஸ்கீமியா இல்லை என்பது தவறு. அது ஏறுவது தாமதமாகத்தான்.

உறுதியானதும், ரத்தக்கசிவு ஆபத்து இல்லையென்றால், உறைவுத் தடுப்பு ஊசியான ஹெப்பாரின் கிலோவுக்கு 80 யூனிட் ஒரே தடவையாக, பிறகு மணிக்குக் கிலோவுக்கு 18 யூனிட். திரவம், ஆன்டிபயாடிக், ஆக்சிஜன். பிபி விழுந்தால் முதலில் திரவத்தால் தூக்குங்கள். ரத்தக்குழாயைச் சுருக்கும் மருந்துகளை முடிந்தவரை தள்ளிவையுங்கள், ஏற்கெனவே ரத்தம் போகாத குடலை அவை இன்னும் நெரிக்கும்.

சிரையில் அடைப்பு வருவது இன்னொரு வகை. வலி சில நாளாக மெல்ல ஏறும். குடிப்பழக்கம், உறைவுக் கோளாறு, கருத்தடை மாத்திரை ஆகியவற்றைக் கேளுங்கள். இதற்குத்தான் போர்ட்டல் கட்டம்.

இன்னொன்று, ஒரே வரியில்: அடிவயிற்று வலி என்று வரும் ஒவ்வொரு பையனுக்கும் விரையைப் பாருங்கள். வெட்கத்தில் சொல்லமாட்டான். முறுக்கிக்கொண்டிருந்தால் ஆறு மணி நேரத்துக்குள் அவிழ்க்க வேண்டும், ஸ்கேனுக்காகத் தாமதிக்கக் கூடாது.

லேப்_மேசை

டாக்டர்கள் எழுதுவார்கள், குழாய் எங்களிடம் வரும். அந்தப் பக்கத்திலிருந்து மூன்று விஷயம்.

போர்ஃபிரியா, அதாவது உடல் ஹீம் தயாரிப்பதில் உள்ள பரம்பரைக் கோளாறு. இருபது முப்பது வயதுப் பெண், மாதவிடாய்க்கு முன்னால் அல்லது பட்டினி விரதத்துக்குப் பிறகு கடும் வலி, மலச்சிக்கல், நாடி 110-க்கு மேல், பிபி ஏற்றம், சோடியம் தாழ்வு, எல்லா ஸ்கேனும் நார்மல். பலமுறை அட்மிட் ஆகி "மனசு சம்பந்தப்பட்டது" என்று முத்திரை குத்தப்பட்டவர்கள் இதில் இருக்கிறார்கள். பார்க்க வேண்டியது ஸ்பாட் யூரினில் போர்ஃபோபிலினோஜன். வலி இருக்கும்போதே பிடியுங்கள், அடங்கிய பிறகு அளவு இறங்கிவிடக்கூடும். 10-லிருந்து 20 மில்லி போதும், 24 மணி நேரச் சேகரிப்பு தேவையில்லை. பிடித்த உடனே பாட்டிலை அலுமினியத் தாளில் சுற்றி ஐஸில் வையுங்கள். வெளிச்சம் பட்டால் அது சிதைந்து பொய்யாக நார்மல் வரும். வெளியூர் லேபுக்குப் போகிற சாம்பிள் பஸ் பார்சலில் வெயிலில் கிடந்தால் ரிசல்ட்டுக்கு மதிப்பில்லை. அதே யூரினில் கிரியேட்டினினும் கேளுங்கள், நீர்த்த யூரின் என்றால் அந்த விகிதம்தான் காப்பாற்றும்.

வெளியூருக்கு அனுப்ப முடியாத ராத்திரியில், போர்ஃபோபிலினோஜனை இங்கேயே பார்க்க ஹோஷ் சோதனை. 6 நார்மல் (6N) ஹைட்ரோகுளோரிக் அமிலம் 100 மில்லியில் 2 கிராம் பாரா டைமெத்தில் அமினோ பென்சால்டிஹைடு கரைத்தது ரீஏஜென்ட். அதில் 2 மில்லி எடுத்துப் புது யூரின் இரண்டு சொட்டு. உடனே செர்ரிச் சிவப்பு வந்தால் பாசிட்டிவ். யூரோபிலினோஜன் இதில் தொந்தரவு செய்யாது, அதுதான் இதன் வசதி. சாதாரண ஸ்டிரிப்பில் உள்ள யூரோபிலினோஜன் கட்டத்தை வைத்து போர்ஃபிரியா சொல்லக் கூடாது.

ஈயம். பழைய பேட்டரி உடைத்து உருக்குகிற வேலை, பெயின்ட் சுரண்டுகிற வேலை, செய்முறை தெரியாத பஸ்பம் சாப்பிடுவது, இவற்றைக் கேளுங்கள். முறுக்கிப் பிடிக்கிற வலி, மலச்சிக்கல், ரத்தசோகை, ஈறு ஓரத்தில் நீலக்கோடு. ஸ்மியரில் சிவப்பணுக்களில் நீலப் புள்ளிகள் தேடும்போது விரல் நுனியில் குத்தி நேரடியாக ஸ்லைடு போடுங்கள். இடிடிஏ (உறைவுத் தடுப்பு) குழாயில் நேரமான ரத்தத்தில் புள்ளிகள் மங்கிவிடும். ஆனால் ரத்த ஈய அளவுக்கு இடிடிஏ முழு ரத்தம்தான் வேண்டும், சீரம் அனுப்பினால் பயனில்லை. போர்ஃபிரியா மாதிரியே இது வேஷம் போடும், யூரினில் அமினோலெவுலினிக் அமிலம் ஏறும், போர்ஃபோபிலினோஜன் அவ்வளவாக ஏறாது.

மூன்றாவது, சீரம் பால் மாதிரி வெள்ளையாக வந்தால் எங்களிடம் கேட்காமலேயே ட்ரைகிளிசரைடு கேளுங்கள். 1000-க்கு மேல் என்றால் அதுவே கணையத்தைக் கெடுக்கும். அந்தக் கொழுப்பு அமைலேஸ் அளவீட்டில் குறுக்கிட்டு நார்மலாகக் காட்டிவிடும், சோடியத்தையும் பொய்யாகக் குறைக்கும். நீங்கள் கேட்டிருக்கும் "அமைலேஸ் நார்மல்" கேஸில் லைபேஸ் பார்த்தார்களா என்பதும் ஒரு கேள்வி.

நைட்டூட்டி_அரூர்

நன்றி சார், மேடம். இரண்டு சந்தேகம். கடிவாய் இல்லை, பாம்பையும் யாரும் பார்க்கவில்லை என்றால் ஏஎஸ்வி (பாம்பு விஷமுறிவு மருந்து) போடலாமா? போர்ஃபிரியா என்று சந்தேகம் மட்டும் இருக்கும்போது என்ன கொடுக்கலாம், எதைக் கொடுக்கக் கூடாது?

பொதுமருத்துவம்_கிருஷ்ணகிரி

வெறும் வலி மட்டும் என்றால் ஏஎஸ்வி வேண்டாம், ஆனால் வீட்டுக்கு அனுப்பவும் வேண்டாம். 24 மணி நேரம் கண்காணிப்பு. இமை தொங்கல், விழுங்கச் சிரமம், கழுத்து நிற்காமை என்று ஏதாவது ஒரு நரம்பு அறிகுறி தெரிந்தால் போதும், கடிவாய் தேடிக்கொண்டிருக்காமல் போடலாம். 10 வயல், குழந்தைக்கும் அதே அளவு, ஏனென்றால் விஷத்தின் அளவு உடல் எடையைப் பார்த்து வருவதில்லை. ஒவ்வொரு வயலையும் 10 மில்லி ஸ்டெரைல் வாட்டரில் சுழற்றிக் கரையுங்கள், குலுக்கினால் நுரைக்கும். பெரியவருக்கு சலைனில் கலந்து ஒரு மணி நேரத்தில் ஏற்றுங்கள், குழந்தைக்கு சலைனை எடைக்கேற்பக் குறைத்துக்கொள்ளுங்கள். டெஸ்ட் டோஸ் தேவையில்லை, அது ஒவ்வாமையை முன்கூட்டிச் சொல்வதில்லை. அட்ரினலின் 1:1000 (பெரியவருக்கு அரை மில்லி) சிரிஞ்சில் எடுத்துத் தயாராக வைத்துக்கொண்டுதான் தொடங்க வேண்டும், தேவைப்பட்டால் தொடைத் தசையில்.

கட்டுவிரியன் விஷம் நரம்பு முனையின் உள்ளே போய்ச் சேதப்படுத்துகிறது. முடங்கிய தசையை ஏஎஸ்வி எழுப்பாது, மேலும் முடங்காமல் தடுக்கத்தான். நியோஸ்டிக்மினும் நாகப்பாம்புக்கு உதவுகிற அளவு இதற்கு உதவாது. அட்ரோபின் 0.6 மில்லிகிராமுடன் நியோஸ்டிக்மின் 1.5 மில்லிகிராம் ஒரு தடவை கொடுத்துப் பார்த்து பலன் இல்லையென்றால் நிறுத்திவிடலாம். உயிரைக் காப்பது வென்டிலேட்டர். 108-ல் ஏற்றும்போது கையால் அழுத்தி மூச்சு கொடுக்கும் ஆம்பு பையும் அதை அழுத்தத் தெரிந்த ஒருவரும் கூடவே போக வேண்டும். பாதி வழியில் மூச்சு நின்றால் சேலமும் தர்மபுரியும் ஒரே தூரம்தான். கண்பாவை விரிந்து வெளிச்சத்துக்கு அசையாமல் இருந்தால் மூளை போய்விட்டது என்று யாரும் சொல்லிவிடக் கூடாது. இதில் அது விஷத்தின் வேலை, நாள் கணக்கில் வென்டிலேட்டரில் இருந்து எழுந்து நடந்து போவார்கள்.

போர்ஃபிரியா சந்தேகத்துக்கு: குளுக்கோஸ் நாளைக்கு 300 கிராம், அதாவது 10 சதவீத டெக்ஸ்ட்ரோஸ் 3 லிட்டர். இதில் ஒரு பொறி இருக்கிறது. சோடியம் ஏற்கெனவே தாழ்ந்திருந்தால் இவ்வளவு நீர் அதை இன்னும் இறக்கி வலிப்பை வரவழைக்கும். சோடியம் பார்க்காமல் தொடங்காதீர்கள், டெக்ஸ்ட்ரோஸ் சலைனாகக் கொடுங்கள் அல்லது அடர்த்தியை ஏற்றி அளவைக் குறையுங்கள். வலிக்கு மார்ஃபின், வாந்திக்கு ஆன்டான்செட்ரான் கொடுக்கலாம். ஃபெனிடாயின், ஃபினோபார்பிட்டோன், கார்பமசெபின், வால்ப்ரோயேட், சல்ஃபா வேண்டாம். வலிப்பு வந்தால் கை தன்னால் ஃபெனிடாயினுக்குப் போகும், அங்கேதான் கவனம். லெவெட்டிராசெட்டம் கொடுங்கள். உறுதியானால் ஹீமின், கிலோவுக்கு 3 முதல் 4 மில்லிகிராம், நாளைக்கு ஒரு தடவை, நான்கு நாள். அது பெரிய மையத்தில்தான் நடக்கும்.

கத்தி_பிடிப்பவன்

வலி ஊசி போட்டால் அறிகுறி மறைந்துவிடும், அதனால் சர்ஜன் பார்க்கும்வரை போடாதே என்கிற பழைய வழக்கம் இன்னும் சில இடங்களில் இருக்கிறது. விட்டுவிடுங்கள். பாராசிட்டமால் 1 கிராம் ட்ரிப்ஸில், போதாவிட்டால் மார்ஃபின் கிலோவுக்கு 0.1 மில்லிகிராம். வலி குறைந்த நோயாளியின் வயிற்றைத்தான் ஒழுங்காகத் தொட்டுப் பார்க்க முடியும். இமை தொங்குகிறவருக்கு மட்டும் மார்ஃபின் வேண்டாம்.

வயிற்றுச் சுவரையும் மறக்காதீர்கள். வலிக்கிற இடத்தில் விரலை வைத்துக்கொண்டு, மல்லாந்தபடியே தலையையும் தோளையும் தூக்கச் சொல்லுங்கள். வலி கூடினால் கோளாறு சுவரில், குறைந்தால் உள்ளே. ஹெப்பாரினோ வார்ஃபரினோ எடுப்பவர், பலமாக இருமிய பிறகு ஒரு பக்கம் வலித்துக் கட்டி மாதிரி தட்டுப்பட்டால் ரெக்டஸ் தசைக்குள் ரத்தம். இதற்கு அல்ட்ராசவுண்டே போதும், பெரும்பாலும் கத்தி தேவையில்லை.

சிடி_அறை

ரெஃபர் செய்கிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஆஞ்சியோ என்றால் முழங்கை மடிப்பில் 18 அல்லது 20 கேஜ் வென்ஃப்ளான் போட்டு அனுப்புங்கள். கான்ட்ராஸ்ட் விநாடிக்கு 4 மில்லி போக வேண்டும். புறங்கையில் 22 கேஜ் போட்டு வருகிறவர்களுக்கு இங்கே திரும்பக் குத்துவதில் அரை மணி நேரம் போகிறது, பிபி விழுந்தவருக்குக் குத்தச் சிரையே கிடைப்பதில்லை. சீட்டில் வலி தொடங்கிய நேரம், நாடி ஒழுங்கா இல்லையா, கடைசியாகப் போட்ட ஹெப்பாரின் நேரம், மெட்ஃபார்மின் சாப்பிடுகிறாரா என்பதை எழுதுங்கள்.

பெருங்குடலை ஒட்டி மூன்று சென்டிமீட்டர் அளவில் கொழுப்பு முட்டை மாதிரி ஒன்று, சுற்றிலும் வெள்ளை விளிம்போடு தெரிந்தால் அது எபிப்ளோயிக் அப்பெண்டஜைடிஸ் (குடலோரக் கொழுப்பு மடலின் அழற்சி). இடதுபுறம் டைவர்டிகுலைடிஸ் (பெருங்குடல் பை அழற்சி) என்றும் வலதுபுறம் அப்பெண்டிக்ஸ் என்றும் ஏமாற்றும். வலி மாத்திரை போதும், ஒன்றிரண்டு வாரத்தில் தானே அடங்கும். ரிப்போர்ட்டில் அந்தப் பெயரைப் பார்த்துப் பயந்து தியேட்டருக்கு ஏற்றிவிடாதீர்கள்.