சுடுகுறை: பாண் வேகும்போது குறையும் திணிவுக்கு ஒரு சொல்

அக்கா, வணக்கம்.

கலைச்சொற்பட்டியலுக்கு நீங்கள் முன்வைத்த ‘வெதுப்பல் நிறையிழப்பு’ என்பதை இரண்டு நாளாகச் சொல்லிப் பார்க்கிறேன், நாக்கில் ஒட்டவில்லை. வெதுப்பு என்றதும் கைக்குழந்தையைக் குளிப்பாட்டும் நீர்தான் நினைவுக்கு வருகிறது. பாண் சுடும் அடுப்பான போறணையோ 200 பாகைக்கு மேல் தகிக்கிறது. ‘நிறை’ இன்னும் பெரிய வில்லங்கம். நம் இலங்கைப் பாடநூல்கள் திணிவு என்பதைத் தமிழ்நாட்டில் நிறை என்கிறார்கள்; நம்முடைய நிறை அங்கே எடை. ஆக, ஒரே சொல் கடலுக்கு அந்தப் பக்கம் கிராம், இந்தப் பக்கம் நியூட்டன்.

ஹட்டனில் எங்கள் தெருமுனைப் பேக்கரியில் ஒரு விடியற்காலை போய் நின்றேன். பாண் போடும் மாமா பிசைந்த மாவை வெட்டித் தராசில் வைத்தார். முள் கொஞ்சம் தாண்டியது. நகத்தளவு கிள்ளி எடுத்தார். 510 கிராமில் நின்றது. “றாத்தல் பாண் 450 கிராம்தானே மாமா?” என்றேன். “மிச்சம் போறணைக்கு, தம்பி” என்றார்.

அவர் கலந்த அளவைக் கேட்டுக் கணக்குப் போட்டேன். அந்த 510இல் மா 313, தண்ணீர் 188, உப்பும் ஈஸ்டும் 9. உப்பு எங்கும் போவதில்லை. ஈஸ்ட் தின்ற சீனி மதுசாரமாகவும் காபனீரொட்சைட்டாகவும் வெளியேறும், அது சொற்பம். மற்றபடி போறணை எடுத்துக்கொள்ளும் 60 கிராமும் தண்ணீர்தான், ஊற்றியதில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு. மேற்றோல் காய்ந்து சிவந்தாலும் பாணின் நடுப்பகுதி நீரின் கொதிநிலையைத் தாண்டாது. நுவரெலியா உயரத்தில் அது சுமார் 94 பாகைதான். காற்றழுத்தம் குறைந்த இடத்தில் நீர் எளிதில் ஆவியாகும். கொழும்பு அளவை அப்படியே மலைக்குக் கொண்டுவந்தால் பாண் இலேசாகிவிடக்கூடும்.

‘இழப்பு’ என்பதும் எனக்கு உடன்பாடில்லை. அந்த 60 கிராம் போகாவிட்டால் அது பாணே இல்லை, வெந்தும் வேகாத களி. சேதாரம் என்றால் நகைக்கடை, வற்றல் என்றால் மிளகாய். என் பரிந்துரை ‘சுடுகுறை’. சுடுசோறு, ஊறுகாய் போல வினைத்தொகை. சுடுகுறை வீதம், மாமாவின் கணக்கில், நூற்றுக்கு 12க்குச் சற்றுக் கீழே. இதே அச்சில் மா நொதிக்கும்போது நொதிகுறை, சூடு ஆறும்போது ஆறுகுறை, தேயிலைக்கு வாடுகுறை என்று வார்த்துக்கொண்டே போகலாம். நாலரைக் கிலோ கொழுந்து ஒரு கிலோ தூளாகச் சுருங்கும் ஊரில் இப்படியொரு சொற்குடும்பம் இல்லாதிருப்பது அநியாயம்.

*

தம்பி,

வெதுப்பலை விட்டுவிடுகிறேன். ஆனால் ‘இந்தப் பாணில் சுடுகுறை உண்டு’ என்று எழுதினால், சரியாகச் சுடவில்லை என்றுதான் என் மாணவர்கள் படிப்பார்கள். எங்கள் அம்மா கொழுந்து எடுத்தவர். மழை நாளில் நிறுக்கும்போது ஈரத்துக்கென்று கிலோக் கணக்கில் கழிப்பார்கள். வீட்டுக்கு வந்தும் அந்தக் கழிவைச் சொல்லிச் சொல்லி ஆற்றாமைப்படுவார். தண்ணீருக்கான சொல் நம்மிடம் ஏற்கனவே இருக்கிறதே! சுடுகழிவு என்றால் என்ன?

*

அக்கா,

அம்மாவின் சொல் என்பதால் தயங்கித்தான் மறுக்கிறேன். கழிப்பதற்கு ஓர் ஆள் வேண்டும். தராசுக்குப் பக்கத்தில் பேரேட்டோடு நிற்பவர் கழிக்கிறார். போறணைக்குள் யாரும் கழிப்பதில்லை, தானாகக் குறைகிறது. போதாததற்குக் கழிவு இன்று குப்பையாகிவிட்டது. மாணவர் மயங்குவார் என்றால் ‘சுடுகுறை 60 கிராம்’ என்று எப்போதும் அளவோடு எழுதச் சொல்லுங்கள். பிழைக்குக் கிராம் கிடையாது.

*

தம்பி,

கழிப்பதும் குறைவதும் ஒன்றல்ல என்பது சரி. அம்மாவே அதை ஒப்புக்கொண்டிருப்பார். சுடுகுறை, நொதிகுறை, வாடுகுறை மூன்றையும் பட்டியலில் ஏற்றுகிறேன். ஆறுகுறை மட்டும் வேண்டாம். கடைக்காரர் ஆறு பாண் குறைகிறது என்று எண்ணத் தொடங்கிவிடுவார். ‘தணிகுறை’ என்று போட்டிருக்கிறேன்.