மாருதி 800 செல்ஃப் எடுக்கவில்லையா? மோட்டாரைக் கழற்றும் முன்னும் பின்னும்

செல்ஃப் என்பது இன்ஜினைச் சுற்றிக் கிளப்பிவிடும் ஸ்டார்ட்டர் மோட்டார். அது எடுக்காதபோது என்ன பார்ப்பது என்று பலர் புனைபெயரில் எழுதியது இது; ஒவ்வொரு பகுதிக்கும் மேலே இருப்பது எழுதியவரின் பெயர்.

மூணு சிலிண்டர்:
சாவியைத் திருப்பியதும் வரும் சத்தத்திலேயே பாதி விடை இருக்கிறது. 'டக்' என்று ஒரே ஒரு அடி, ஹெட்லைட்டும் மங்கவில்லை என்றால் சொலினாய்டு (மோட்டார் மேல் உட்கார்ந்திருக்கும் காந்த சுவிட்ச்) உள்ளே காண்டாக்ட் கருகியிருக்கும், இல்லாவிட்டால் கார்பன் பிரஷ் தேய்ந்து தீர்ந்திருக்கும். அதே ஒரு அடியோடு லைட் அப்படியே படுத்துவிட்டால் ஆர்மேச்சர் (மோட்டாருக்குள் சுற்றும் பகுதி) இறுகியிருக்கலாம், பேட்டரியும் செத்திருக்கலாம். 'டகடகடக' என்று அடித்துக்கொண்டே இருந்தால் முதலில் பேட்டரியையும் டெர்மினலில் பூத்திருக்கும் பச்சையையும் பாருங்கள். அது இரண்டும் சரி என்றால் சொலினாய்டை இழுத்துப் பிடித்து வைக்கும் ஹோல்டிங் காயில் அறுந்திருக்கும். 'விர்ர்' என்று மோட்டார் மட்டும் சுற்றி இன்ஜின் அசையாமல் நின்றால் பெண்டிக்ஸ் (மோட்டார் முனையில் பினியன் என்ற சின்னப் பல்சக்கரத்தோடு இருக்கும் கிளட்ச்) வழுக்குகிறது. இரும்பை இரும்பு கடிக்கிற சத்தம் வந்தால் ஃப்ளைவீல் ரிங் பல், அதாவது பினியன் கடித்துச் சுற்றும் இன்ஜின் பக்கத்துப் பல் வளையம். அது தனி வியாதி, செல்ஃபை மட்டும் மாற்றித் தீராது.

மீட்டர் கையில்:
சத்தத்தோடு நிற்காமல் அளந்தும் பார்க்க வேண்டும். இருநூறு, முந்நூறு ரூபாய் மல்டிமீட்டரே போதும். வண்டி நிற்கும்போது பேட்டரியில் 12.6 வோல்ட் இருந்தால் முழு சார்ஜ், 12.2-க்கு வந்துவிட்டால் ஏறக்குறைய பாதிதான். கார்புரேட்டர் வண்டி என்றால் டிஸ்ட்ரிபியூட்டர் நடுவிலிருக்கும் கெட்டி வயரைப் பிடுங்கி இன்ஜினில் எர்த்து பண்ணிவிடுங்கள், வண்டி பற்றாது. பிறகு ஒருவர் சாவியைத் திருப்ப, இன்னொருவர் மீட்டரைப் பார்க்கட்டும். செல்ஃப் அடிக்கும்போது பேட்டரி 9.6-க்குக் கீழே போனால் மோட்டாரைத் தொடாதீர்கள், முதலில் பேட்டரியைச் சோதிக்கக் கொடுங்கள்.

அடுத்தது, பேட்டரி பிளஸ் கம்பத்தில் ஒரு முனை, சொலினாய்டின் தடித்த வயர் ஸ்டட்டில் மறுமுனை. அடிக்கும்போது அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் கேபிள் அல்லது அதன் முனையில் இருக்கும் லக் கெட்டிருக்கிறது. பேட்டரி மைனஸுக்கும் செல்ஃப் பாடிக்கும் இடையில் அதே சோதனை செய்தால் 0.3-க்குள் இருக்க வேண்டும். மோட்டார் மேல் பழி போட்டுக் கழற்றப்படும் வண்டிகளில் பல இந்த இரண்டு அளவில் மாட்டிக்கொள்ளும்.

கிளட்ச் கேபிள்:
மேலே சொன்ன எர்த்து விஷயத்துக்கு ஒரு கூடுதல் அடையாளம். இன்ஜினுக்கும் பாடிக்கும் போகிற எர்த்து பட்டை துருப்பிடித்து அறுந்தால், செல்ஃப் இழுக்கும் நூறு ஆம்பியருக்கு மேற்பட்ட கரண்ட் வேறு வழி தேடும். 800-ல் கிளட்சும் ஆக்சிலரேட்டரும் இரும்புக் கேபிள், அதுதான் அந்த வழி. இரண்டு மூன்று முறை செல்ஃப் அடித்துவிட்டு கிளட்ச் கேபிளின் மேல் உறையைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தாலோ பிளாஸ்டிக் உருகிய வாடை வந்தாலோ வேறு எதையும் யோசிக்க வேண்டாம். ஆறு மாதத்துக்கு ஒரு முறை கிளட்ச் கேபிள் போகிற வண்டிக்கும் இதே காரணம் இருக்கலாம். புதுப் பட்டை போடும்போது பாடியில் பெயின்ட்டைச் சுரண்டி வெறும் தகடு தெரிய இறுக்க வேண்டும்.

ஸ்பேனர் 14:
சரி, மோட்டார்தான் என்று முடிவானால் கழற்றுவது ஒரு மணி நேர வேலை. நியூட்ரல், ஹேண்ட்பிரேக், பின் சக்கரத்துக்கு இரண்டு பக்கமும் கட்டை. பேட்டரி மைனஸை முதலில் எடுங்கள். இதைச் சோம்பலில் விட்டால், சொலினாய்டு நட்டைத் திருப்பும்போது ஸ்பேனரின் மறுமுனை பாடியில் பட்டு வெல்டிங் அடித்த மாதிரி ஒட்டிக்கொள்ளும். கையில் மோதிரம், வாட்ச் எதுவும் வேண்டாம்.

சொலினாய்டில் தடித்த வயர் ஒன்று நட்டில் இருக்கும். மெல்லிய வயர் ஒன்று சும்மா சொருகியிருக்கும், அதை வயரைப் பிடித்து இழுக்காமல் கனெக்டரைப் பிடித்து எடுங்கள். 10, 12, 13, 14 சாக்கெட்டும் ஒரு நீள எக்ஸ்டென்ஷனும் போதும். பெல் ஹவுசிங்கில் (ஃப்ளைவீலை மூடியிருக்கும் கூடு) இருக்கும் இரண்டு போல்ட்டுக்கும் முந்தின நாள் ராத்திரியே துரு இளக்கும் எண்ணெய் அடித்து வையுங்கள். கடைசி போல்ட் வரும்போது ஒரு கை மோட்டாரின் அடியில் இருக்கட்டும், விரல் மேல் விழுந்தால் வலிக்கிற கனம் அது. கீழிருந்து வேலை செய்வதென்றால் ஜாக்கை மட்டும் நம்பிப் படுக்கக் கூடாது, ஸ்டாண்டு வேண்டும்.

மூணு சிலிண்டர்:
கழற்றின கையோடு அந்த ஓட்டை வழியாக டார்ச் அடித்து ரிங் பல்லைப் பாருங்கள். பிளக்குகளை எடுத்துவிட்டு, கிராங்க் புல்லி போல்ட்டில் சாக்கெட் போட்டு ஒரு முழுச் சுற்று சுற்ற வேண்டும். இன்ஜின் அணையும்போது ஏதோ ஒரு சிலிண்டரின் கம்ப்ரஷனை முட்டித்தான் நிற்கும். 800-ல் மூன்று சிலிண்டர், அதனால் 120 டிகிரி இடைவெளியில் மூன்று இடத்தில்தான் பல் தேயும். நாலு சிலிண்டர் வண்டியில் எதிரெதிராக இரண்டு இடம். ஒரு இடத்தை மட்டும் பார்த்துவிட்டு 'பல் நல்லாத்தான் இருக்கு' என்று மூடினால், புது பெண்டிக்ஸையும் பழைய ரிங் அரைத்துவிடும். வண்டி சில நாள் எடுக்கும், சில நாள் கர்ரென்று கத்தும், கியர் போட்டுக் கொஞ்சம் தள்ளி நிறுத்தினால் எடுத்துவிடும் என்றால் அதுவும் இந்த மூன்று இடத்துக் கதைதான்.

ரிங் மாற்ற கியர்பாக்ஸ் இறங்க வேண்டும். ரிங்கைச் சூடாக்கித்தான் ஏற்றுவார்கள். நீலம் பாரிக்கும் அளவுக்குச் சுட்டுவிட்டால் பல்லின் கடினம் போய்விடும், பக்கத்தில் நின்று பார்ப்பது நல்லது.

செல்ஃப் வைண்டிங்:
கழற்றிய மோட்டாரைப் பெஞ்சில் பார்க்கும் முறை: வைஸில் பிடித்துக்கொண்டு பாடிக்கு மைனஸ், தடித்த ஸ்டட்டுக்குப் பிளஸ், மெல்லிய வயர் முனையை ஒரு துண்டு வயரால் பிளஸோடு தொடுங்கள். வைஸில் பிடிக்காமல் தரையில் வைத்துத் தொட்டால் மோட்டார் துள்ளி ஓடும். பத்து விநாடிக்கு மேல் வேண்டாம்.

உள்ளே பிரிக்கும்போது பிரஷ் பாதிக்கு மேல் தேய்ந்திருந்தால் நாலையும் சேர்த்தே மாற்ற வேண்டும். பிரஷ் உரசும் கம்யூட்டேட்டரில் செம்புப் பட்டைகளுக்கு நடுவே இருக்கும் மைக்கா, செம்பைவிட அரை மில்லிமீட்டராவது தாழ்ந்திருக்க வேண்டும். சமமாக நின்றால் உடைந்த ஹாக்ஸா பிளேடால் சுரண்டலாம். ஆர்மேச்சர் மேல் ஒரு பக்கம் பளபளவென்று உரசின தடம் இருந்தால் ஷாஃப்ட்டைத் தாங்கும் புஷ் தேய்ந்துவிட்டது என்று அர்த்தம். வெண்கலப் புஷ்ஷை அப்படியே அடிக்காதீர்கள். ஒரு நாள் இன்ஜின் ஆயிலில் ஊறட்டும், எண்ணெயை உள்ளே குடித்துக்கொள்ளும் உலோகம் அது.

பெண்டிக்ஸை மட்டும் பெட்ரோலிலோ மண்ணெண்ணெயிலோ போட்டுக் கழுவக் கூடாது. உள்ளே அடைத்து வைத்த கிரீஸ் கரைந்து, ஒரு மாதத்தில் 'விர்ர்' கேட்க ஆரம்பிக்கும். துணியால் துடைத்தால் போதும். வெள்ளத்தில் நின்ற வண்டி என்றால் வெளியே எவ்வளவு சுத்தமாக இருந்தாலும் பிரித்தே ஆக வேண்டும், பிரஷ் பக்கத்து மூடிக்குள் வண்டல் களிமண்ணாகக் காய்ந்திருக்கும்.

புதுப்பேட்டை பக்கம்:
மாற்று மோட்டார் வாங்கப் போகும்போது பழையதைக் கையோடு எடுத்துப் போங்கள். பினியன் பல் எண்ணிக்கை, போல்ட் ஓட்டை இடைவெளி, மூக்கின் நீளம், சுற்றும் திசை எல்லாம் பக்கத்தில் வைத்து ஒத்துப் பார்க்க வேண்டும். 'இது எல்லா மாருதிக்கும் சேரும்' என்ற பேச்சு கடையில் மட்டும்தான் செல்லும். 'ரீகண்டிஷன்' என்று வருகிற பலதும் கருப்புப் பெயின்ட் அடித்த பழசு. மூடியைத் திறந்து பிரஷ்ஷைக் காட்டச் சொல்லுங்கள், தயங்கினால் நடையைக் கட்டுங்கள்.

ரிலே பெட்டி:
புது மோட்டார் போட்டும் 'டக்' மட்டும் வந்தால் மெல்லிய வயரில் எவ்வளவு வோல்ட் வருகிறது என்று பாருங்கள். இருபது வருஷ வண்டியில் சாவி சுவிட்சின் காண்டாக்ட் கருகி எட்டு வோல்ட்டுக்கும் கீழே வரும். மருந்து, நாலு கால் 40 ஆம்பியர் ரிலே. மோட்டாருக்குப் போய்க்கொண்டிருந்த மெல்லிய வயர் 86-க்கு, 85 எர்த்து, பேட்டரியிலிருந்து 30 ஆம்பியர் ஃபியூஸ் வழியாக 30-க்கு, 87-லிருந்து சொலினாய்டுக்கு. வயர் 2.5 சதுர மி.மீ. ஃபியூஸ் பேட்டரிக்கு ஒரு சாண் தூரத்துக்குள் இருக்க வேண்டும், நடுவழியில் போட்டால் பயனில்லை.

அம்பாசிடர் ஆள்:
இதையெல்லாம் பழைய பெட்ரோல் அம்பாசிடருக்கு அப்படியே பொருத்தாதீர்கள். அதில் சொலினாய்டு மோட்டார் மேல் இருக்காது, தனியாக இருக்கும். பினியன் சுற்றும் வேகத்தில் தானே முன்னால் பாய்கிற வகை. அந்தத் திருகு மரையில் எண்ணெய், கிரீஸ் எதுவும் கூடாது. தூசி ஒட்டிப் பினியன் பாதியில் நின்றுவிடும். பல் மாட்டிக்கொண்டால் டாப் கியரில் போட்டு வண்டியை முன்னும் பின்னும் ஆட்டுங்கள். வராவிட்டால் மோட்டாரின் பின் மூடிக்குள் ஷாஃப்ட் முனை சதுரமாக இருக்கும், அதில் ஸ்பேனர் போட்டுத் திருப்பினால் விடும்.

ஸ்பேனர் 14:
திரும்ப மாட்டும்போது இரண்டு தவறு அடிக்கடி பார்க்கிறோம். ஒன்று, சொலினாய்டு மட்டும் மாற்றியவர்கள் பிளஞ்சர் (சொலினாய்டு உள்ளே இழுக்கும் தண்டு) கொக்கியை, பினியனைத் தள்ளும் ஃபோர்க்கில் மாட்டாமல் இறுக்கிவிடுவது. டக் என்று கேட்கும், மோட்டாரும் சுற்றும், பினியன் வெளியே வராது. இறுக்கும் முன் பிளஞ்சரைக் கையால் அழுத்தி, பினியன் முன்னால் வருகிறதா பாருங்கள். இரண்டாவது, பெல் ஹவுசிங்கில் மோட்டார் உட்காரும் முகத்தைத் தேய்க்காமல் போடுவது. எர்த்து அந்த முகம் வழியாகத்தான் போகிறது, புது மோட்டாரின் பெயின்ட்டையும் அந்த இடத்தில் எடுத்துவிட வேண்டும். போல்ட்டைக் கையால் முழுக்கத் திருகி மோட்டார் நேராக உட்கார்ந்த பிறகே ஸ்பேனர், ஹவுசிங் அலுமினியம், மரை போனால் வேலை இரட்டிப்பு. பேட்டரி மைனஸ் கடைசியாக.