பெரிய பட்ஜெட் வீடியோ கேம்கள்: கடையில் கொடுத்த விலையும் அதற்குப் பிறகு கொடுத்ததும் – உறுப்பினர் அனுபவங்கள்

தொடக்கப் பதிவு (சென்னை)

வணக்கம் நண்பர்களே. கோடிக்கணக்கான டாலர் செலவில் உருவாகும் கன்சோல், கணினி விளையாட்டுகளின் விலையைப் பற்றி இங்கே துண்டு துண்டாகப் பேசியிருக்கிறோம். 80 டாலர் நியாயமா இல்லையா என்ற இடத்திலேயே அந்தப் பேச்சு ஒவ்வொரு முறையும் நின்றுவிடுகிறது. வாங்கிய பிறகு அந்த விளையாட்டு நம்மிடம் இன்னும் எவ்வளவு கேட்கிறது, ஆடி முடித்தபின் நம் கையில் என்ன மிஞ்சுகிறது என்பவற்றையும் சேர்த்துப் பார்க்காமல் விலையைப் பேச முடியாது என்பது என் எண்ணம். உங்கள் அனுபவங்களை விரிவாக எழுதும்படி கேட்டுக்கொண்டு, என்னுடையதை முதலில் வைக்கிறேன்.

நான் பிளேஸ்டேஷன் 3 காலத்திலிருந்து வாங்கி வருகிறேன். எக்ஸ்பாக்ஸ் 360 வெளியான 2005-ஐ ஒட்டி, அமெரிக்காவில் ஒரு புதிய பெரிய விளையாட்டின் விலை 60 டாலர் என்று நிலைபெற்று, ஏறத்தாழ 15 ஆண்டுகள் அசையாமல் இருந்தது. 2020-இல் அடுத்த தலைமுறைக் கன்சோல்கள் வந்தபோது அது 70 ஆயிற்று. 2025 ஜூனில் நின்டெண்டோ ஸ்விட்ச் 2-உடன் வெளியான மரியோ கார்ட் வேர்ல்டின் விலை 80 டாலர். பிளேஸ்டேஷன் 5 இந்தியாவுக்கு வந்தபோது சில புதிய விளையாட்டுகளுக்கு 4,999 ரூபாய் என்று போட்டிருந்ததைப் பார்த்து நம்மில் பலர் மலைத்துப் போனோம்.

ஆனால் டிஸ்க் இருந்த வரையில் அட்டையில் இருந்த விலை எங்களுடைய விலை அல்ல. ரிச்சி தெருப் பக்கம் பழைய டிஸ்க்கை எடுத்துக்கொள்ளும் கடை ஒன்று எனக்கு வாடிக்கை. கடைக்காரர் டிஸ்க்கை விரல் நுனிகளில் பிடித்து, டியூப் லைட்டுக்கு நேரே சாய்த்து, ஒரு சுற்று மெதுவாகத் திருப்பிக் கீறல் பார்ப்பார். பிறகு பெட்டியைத் திறந்து, உள்ளே இருக்கும் தாளில் உள்ள குறியீடு ஏற்கெனவே பயன்பட்டதா என்று கேட்பார். 2010 வாக்கில் ஈ.ஏ. (எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ்) போன்ற விளையாட்டு நிறுவனங்கள் 'ஆன்லைன் பாஸ்' என்ற ஒன்றைக் கொண்டுவந்திருந்தன. புது டிஸ்க்குடன் வரும் குறியீட்டை ஒருவர் ஒரு முறை பயன்படுத்திவிட்டால், அதே டிஸ்க்கைப் பழையதாக வாங்குபவர் இணையத்தில் ஆடத் தனியாகப் பணம் கட்ட வேண்டும். எதிர்ப்பு வலுத்த பிறகு 2013-இல் ஈ.ஏ. அதைக் கைவிட்டது. மூவாயிரம் ரூபாய்க்கு வாங்கி, ஆடி முடித்து இரண்டாயிரத்துக்குக் கொடுத்துவிட்டால் எனக்கு ஆன செலவு ஆயிரம்தான். நண்பர்கள் மூவர் சேர்ந்து வாங்கினால் அதையும் பங்கிட்டுக்கொள்ளலாம்.

இப்போது என் வீட்டில் இருப்பது டிஸ்க் போட வழியில்லாத கன்சோல். வாங்கியதை விற்க முடியாது. தம்பிக்கு இரவல் கொடுக்கக்கூட வழியில்லை. விலை பத்து டாலர் ஏறியதை விட இந்த இழப்பே பெரியது என்று உறுதியாகச் சொல்வேன். அதற்கும் மேலே ஒரு படி உண்டு. யூபிசாஃப்ட் 2014-இல் வெளியிட்ட தி க்ரூ என்ற கார் பந்தய விளையாட்டின் சர்வர்கள் 2024 மார்ச் 31-இல் நிறுத்தப்பட்டன. எப்போதும் இணையத்தோடு இணைந்திருக்க வேண்டிய அமைப்பு என்பதால், தனியாக ஆடுபவர்களுக்கும் அது அன்றோடு திறக்கவில்லை. அதைத் தொடர்ந்து, விற்ற விளையாட்டை இப்படி முடக்கக் கூடாது என்று ராஸ் ஸ்காட் என்ற யூடியூபர் தொடங்கிய 'ஸ்டாப் கில்லிங் கேம்ஸ்' இயக்கத்தின் ஐரோப்பிய மனு 2025 ஜூலையில் பத்து லட்சம் கையெழுத்துகளைத் தாண்டியது. கலிஃபோர்னியாவில் 2025 தொடக்கம் முதல், டிஜிட்டல் பொருளை 'வாங்குங்கள்' என்று சொல்லி விற்பவர், நமக்குக் கிடைப்பது பயன்படுத்தும் உரிமம் மட்டுமே என்பதைத் தெளிவாகத் தெரிவித்தாக வேண்டும்.

இரண்டாம் பதிவு (மதுரை)

இங்கே எழுதுபவர்களில் பெரும்பாலோர் விளையாடுபவர்கள். நான் ஒன்பதாம் வகுப்பு படிக்கும் பையனின் தாய். எங்கள் வீட்டில் நடந்ததைச் சொன்னால் மற்றப் பெற்றோர்களுக்கு உதவும் என்று நினைக்கிறேன். விளையாட்டின் பெயரைச் சொல்ல விரும்பவில்லை. ஆண்டுதோறும் புதிதாக வரும் விளையாட்டு வகை என்பது மட்டும் போதும்.

பிறந்தநாளுக்காக முழு விலை கொடுத்து வாங்கித் தந்தோம். அதற்குள்ளேயே இன்னொரு கடை இருக்கிறது என்பது கிரெடிட் கார்டு பில் வந்தபோதுதான் எங்களுக்குத் தெரிந்தது. கன்சோலில் கணக்குத் தொடங்கும்போது என் கணவர் பதிந்த கார்டு அதிலேயே இருந்தது. உள்நாட்டு இணையக் கடைகளில் வாங்கினால் வழக்கமாகக் கைபேசிக்கு ஓ.டி.பி. வரும்; வெளிநாட்டுக் கணக்குக்குச் சென்ற இந்தத் தொகைகள் எதற்கும் அது வரவில்லை.

நான் அவனைத் திட்டவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து, "எப்படி வாங்குவே, காட்டுப்பா" என்றேன். காட்டினான். வீரர்கள் அடங்கிய ஒரு பொட்டலத்தைத் திறந்தான். திரை முழுவதும் இருண்டு, மைதானத்துக்குள் நுழையும் வழி போல ஒன்று தெரிந்தது. முதலில் ஒரு நாட்டின் கொடி வந்தது, அடுத்து அந்த வீரர் ஆடும் இடம், அதற்கடுத்து அவருடைய அணியின் சின்னம், கடைசியில்தான் முகம். பிரேசில் கொடியைக் கண்டதும் பையன் நாற்காலி நுனிக்கு வந்துவிட்டான். வந்தவர் அவனுக்கே பெயர் தெரியாத ஒருவர். அந்தச் சில விநாடிகள் எவ்வளவு கவனமாகத் திட்டமிடப்பட்டவை என்பதை அவன் முகத்தைப் பார்த்துத்தான் புரிந்துகொண்டேன்.

இதற்கு எத்தனை ரூபாய் ஆயிற்று என்று கேட்டேன். கணக்கில் நன்றாக மதிப்பெண் வாங்கும் பையனுக்குச் சட்டென்று சொல்ல வரவில்லை. பொட்டலத்தின் விலை ரூபாயில் இல்லை, 'பாயின்ட்'டில் இருக்கிறது. அந்தப் பாயின்டுகளை நமக்கு வேண்டிய எண்ணிக்கையில் வாங்க முடியாது. அவர்கள் வைத்திருக்கும் கட்டுகளாகத்தான் வாங்க வேண்டும். எந்தக் கட்டை வாங்கினாலும் கொஞ்சம் மீதி நிற்கும், அந்த மீதி அடுத்த பொட்டலத்துக்குப் போதாது. இருவரும் தாளை எடுத்துக் கூட்டிப் பார்த்தோம். விளையாட்டுக்குக் கொடுத்த விலையை விடப் பொட்டலங்களுக்குப் போனது அதிகம். அவன் ஆசைப்பட்ட வகை வீரர் கிடைக்கும் வாய்ப்பு ஒரு விழுக்காட்டுக்கும் கீழ் என்று அதே திரையில் சிறிய எழுத்தில் போட்டிருந்தார்கள். அடுத்த ஆண்டுப் பதிப்பு வந்ததும் இந்த அணி அதற்கு வராது என்பதையும் அவனே சொன்னான்.

கார்டை நீக்கிவிட்டோம். விளையாட்டை நான் நிறுத்தவில்லை. நண்பர்களோடு அவன் ஆடிச் சிரிப்பதைக் கேட்க எனக்கும் மகிழ்ச்சிதான். பள்ளிப் பிள்ளைகள் ஆடும் ஒன்றில், முழு விலை வாங்கிய பிறகும் இப்படி ஒரு கடையை வைக்க எந்த அரசும் தடை சொல்லவில்லையா என்பதை அறிந்தவர்கள் சொல்லுங்கள்.

தொடங்கியவரின் மறுமொழி (சென்னை)

சகோதரி, தடை சொன்ன நாடு உண்டு. 2018 ஏப்ரலில் பெல்ஜியத்தின் சூதாட்ட ஆணையம் ஃபிஃபா 18, ஓவர்வாட்ச், கவுண்டர்-ஸ்டிரைக் ஆகிய மூன்று விளையாட்டுகளிலும் இருந்த லூட் பாக்ஸ்களை, அதாவது உள்ளே என்ன இருக்கும் என்று தெரியாமல் காசு கொடுத்துத் திறக்கும் பெட்டிகளை, சூதாட்டம் என்று அறிவித்தது. அதன் பிறகு ஃபிஃபாவுக்கான பாயின்ட் விற்பனை அந்த நாட்டில் நிறுத்தப்பட்டது. இதே ஃபிஃபாவுக்காக ஈ.ஏ. மீது நெதர்லாந்து விதித்த அபராதம் 2022-இல் மேல்முறையீட்டில் ரத்தாகிவிட்டது. நீங்கள் சொன்ன பாயின்ட் கணக்கைப் பற்றி, விளையாட்டுக்குள் விற்கும் பொருளின் விலையை உண்மையான பணத்திலும் காட்ட வேண்டும் என்று ஐரோப்பிய நுகர்வோர் பாதுகாப்பு அமைப்புகள் 2025 மார்ச்சில் நெறிமுறை வெளியிட்டன. அமெரிக்காவில் ஃபோர்ட்நைட்டில் தவறுதலாகவும் பிள்ளைகள் வழியாகவும் நடந்த கொள்முதல்களுக்காக 24.5 கோடி டாலரைத் திருப்பித் தர அதை நடத்தும் எபிக் நிறுவனம் 2022 டிசம்பரில் ஒப்புக்கொண்டது.

மூன்றாம் பதிவு (பெங்களூரு)

மேலே உள்ள இரண்டு அனுபவங்களையும் மதிக்கிறேன். ஆனாலும் மறுபக்கத்திலிருந்து சிலவற்றைச் சொல்ல வேண்டியிருக்கிறது. வெளிநாட்டு ஸ்டுடியோக்களுக்காக முப்பரிமாணப் பொருள்களைச் செய்து தரும் ஓர் ஒப்பந்த நிறுவனத்தில் நான் வேலை செய்கிறேன்.

அண்மையில் என்னிடம் வந்தது ஒரு மருந்து அலமாரி. கதாநாயகன் ஓர் அறையைக் கடந்து போகும்போது சுவரில் தெரிவது, அவ்வளவுதான். மரத்தின் வரி, பெயர்ந்த வண்ணம், கண்ணாடியில் படிந்த தூசி எல்லாம் செய்து அனுப்பினேன். கீலில் இருக்கும் துரு கீழ்நோக்கி வடிந்திருக்க வேண்டும், அறையின் ஈரம் இடப்பக்கச் சுவரில் இருப்பதால் இடக்கதவு சற்று அதிகம் உப்பியிருக்க வேண்டும் என்று திருத்தம் வந்தது. பிறகு ஆடுபவர் கதவைத் திறக்கலாம் என்று முடிவு செய்தார்கள். உள்ளே இருக்கும் ஒவ்வொரு புட்டியையும் தனித்தனியாகச் செய்ய வேண்டியதாயிற்று. ஒரு விளையாட்டில் இப்படி ஆயிரக்கணக்கான பொருள்கள் இருக்கும்.

தி லாஸ்ட் ஆஃப் அஸ் என்ற விளையாட்டின் இரண்டாம் பாகத்துக்கு ஏறத்தாழ 22 கோடி டாலர் செலவானது என்பது 2023-இல் அமெரிக்க நீதிமன்ற ஆவணம் ஒன்றின் வழியாக வெளியே தெரிந்தது. அதே அளவு செலவான ஒரு விளையாட்டை இன்னொருவருடைய டிஜிட்டல் கடையில் 70 டாலருக்கு விற்பதாக வைத்துக்கொள்ளுங்கள். கடைக்கு வழக்கமான 30 விழுக்காடு போக 49 டாலர் மிஞ்சும். போட்ட பணம் திரும்பவே 45 லட்சம் பேர் முழு விலைக்கு வாங்க வேண்டும். விளம்பரச் செலவும் வரியும் இதில் சேரவில்லை. 2005-இல் இருந்த 60 டாலரின் மதிப்பு இன்றைய 60 டாலருக்கு இல்லை என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். ஆகையால் விலையை வெளிப்படையாக ஏற்றுவதில் எனக்கு ஆட்சேபம் இல்லை.

என் ஆட்சேபமெல்லாம், உள்ளே இருக்கும் கடைக்காக விளையாட்டின் உடம்பையே மாற்றுவதில்தான். 2017 நவம்பரில் ஸ்டார் வார்ஸ் பேட்டில்ஃபிரன்ட் 2 வெளியாகும் தறுவாயில், டார்த் வேடரைத் திறக்க 60,000 கிரெடிட் (ஆடிச் சேர்க்கும் உள்நாணயம்) தேவை என்று இருந்தது. முழு விலை கொடுத்தவர்கள், படத்தின் முகமாக இருக்கும் ஒரு கதாபாத்திரத்துக்காக மணிக்கணக்கில் உழைக்க வேண்டும், அல்லது காசு கொடுத்துப் பெட்டிகளைத் திறந்து விரைவாக முன்னேற வேண்டும். அதை நியாயப்படுத்தி ஈ.ஏ. ரெடிட்டில் எழுதிய பதில், அந்தத் தளத்திலேயே மிக அதிகமான எதிர்ப்பு வாக்குகளைப் பெற்றது என்று கின்னஸில் பதிவானது. கிரெடிட்டை 15,000 ஆகக் குறைத்தார்கள். வெளியீட்டுக்கு முந்தைய நாள் பணம் கொடுத்து வாங்கும் வசதியையே நிறுத்தினார்கள். இப்படிச் செய்யாமலும் வெல்லலாம் என்பதற்கு 2023-இல் லேரியன் வெளியிட்ட பால்டர்ஸ் கேட் 3 சான்று. உள்ளே கடையே இல்லாமல் அந்த ஆண்டின் விருதுகளை வாரிக்குவித்தது. 2025-இல் வெளியான கிளேர் அப்ஸ்க்யூர்: எக்ஸ்பெடிஷன் 33 ஐம்பது டாலருக்கே விற்கப்பட்டது.

இன்னொன்றையும் மனம் விட்டுச் சொல்கிறேன். விலை ஏறிய இந்த ஆண்டுகளில்தான் எங்கள் துறையில் ஆட்குறைப்பும் தொடர்ந்து நடக்கிறது. நீங்கள் கூடுதலாகக் கொடுக்கும் பத்து டாலர் எங்களை வந்து சேருகிறது என்று யாரும் நம்ப வேண்டாம்.

நான்காம் பதிவு (கோயம்புத்தூர்)

நான் கணினியில் ஆடுபவன். 2015 நவம்பரில் ஸ்டீம் என்ற இணைய விளையாட்டுக் கடை ரூபாயில் விலை காட்டத் தொடங்கியது முதல் அங்கேயே வாங்கி வருகிறேன். வாங்கி 14 நாள்களுக்குள், இரண்டு மணி நேரத்துக்குக் குறைவாக ஆடியிருந்தால் பணத்தைத் திருப்பித் தருவார்கள் என்பது அங்கே பெரிய வசதி. ஆனால் உள்ளே இருக்கும் கடையின் தொல்லை அந்த இரண்டு மணி நேரத்தில் தெரிய வராது.

பெங்களூரு நண்பர் சொன்னதை நானே பட்டிருக்கிறேன். ஒரு பெரிய திறந்தவெளி விளையாட்டில் முதல் பத்துப் பதினைந்து மணி நேரம் நன்றாகப் போனது. பிறகு அடுத்த ஊரின் எதிரிகள் எல்லாரும் என்னை விடப் பல படி மேலே இருந்தார்கள். கதையை அப்படியே நிறுத்திவிட்டு, ஒரே மாதிரியான சில்லறை வேலைகளைச் செய்து படி ஏற வேண்டியிருந்தது. மெனுவைத் திறந்தால், அனுபவப் புள்ளிகளை விரைவாகத் தரும் ஒரு பொருள் காசுக்கு இருந்தது. அதை நான் வாங்கவில்லை. ஆனாலும் அதற்குப் பிறகு எந்த இடத்தில் சலிப்புத் தட்டினாலும், இது கலைஞர் வேண்டுமென்றே வைத்த நிதானமா, விற்பனைப் பிரிவு வைத்த தடையா என்ற சந்தேகம் வந்துகொண்டே இருந்தது. 2024 மார்ச்சில் டிராகன்ஸ் டாக்மா 2 வெளியான அன்று எழுந்த கோபத்துக்கும் இதுவே காரணம் என்று நினைக்கிறேன். அங்கே காசுக்கு வைத்த பொருள்களில் பெரும்பாலானவற்றை ஆடியே பெற முடியும். ஆனால் ஊர்விட்டு ஊர் நடந்து போவதையே அழகாகக் கருதி உருவாக்கிய ஒரு விளையாட்டில், விரைவுப் பயணத்துக்கான கல்லைக் காசுக்கு விற்றால், அந்த நடையின் மேலேயே ஐயம் விழுந்துவிடுகிறது.

ஆகவே இப்போதெல்லாம் வெளியாகும் நாளில் நான் எதையும் வாங்குவதில்லை. பிழைகள் மலிந்த நிலையில் சைபர்பங்க் 2077 வெளியான 2020 டிசம்பரில் முழு விலை கொடுத்தவர்கள் பட்ட பாடு அனைவருக்கும் தெரியும். சோனி அதைத் தன் கடையிலிருந்தே சில மாதங்கள் எடுத்துவிட்டது. 2023-இல் பெரிய திருத்தம் வந்த பிறகு தள்ளுபடியில் வாங்கியவர்களுக்கு அதே விளையாட்டு முழுமையாகக் கிடைத்தது. ஐந்து நாள் முன்னதாக ஆடலாம் என்று சொல்லி 100 டாலருக்கு விற்கும் பதிப்புகளையும் நான் திரும்பிப் பார்ப்பதில்லை.

மதுரைச் சகோதரிக்கு ஒரு குறிப்பு. அமெரிக்காவின் ஈ.எஸ்.ஆர்.பி. தரச்சான்று உள்ள விளையாட்டுகளில், உள்ளே கொள்முதல் உண்டு என்ற வரி 2018 முதல் வயதுக் குறியீட்டுக்குப் பக்கத்திலேயே இருக்கும். என்ன கிடைக்கும் என்று தெரியாமல் வாங்கும் பொருள்கள் இருந்தால், 2020 முதல் அதையும் அந்த வரியிலேயே சேர்த்து எழுதுகிறார்கள். ஐரோப்பாவின் பெகி குறியீட்டிலும் இதே விவரம் உண்டு. வாங்கும் முன் அதைப் படித்துவிடுங்கள். பிளேஸ்டேஷனாக இருந்தால், மகனுக்குத் தனியாகப் பிள்ளைக் கணக்கு ஒன்றைத் தொடங்கி, குடும்ப நிர்வாகப் பகுதியில் மாதச் செலவு வரம்பைச் சுழியம் என்று வைத்துவிட்டால், பெரியவர்களின் கணக்கில் கார்டு பதிந்திருந்தாலும் அவனுடைய கணக்கிலிருந்து கொள்முதல் நடக்காது. பெரியவர்களின் கணக்குக்குக் கடவுச்சொல் போடுவதையும் மறக்க வேண்டாம்.