மினாங் ரிட்ஜ் பாதை: மூன்று நாள் போதுமா?

தூரநடை கேட்டது:
அமெரிக்காவின் சுபீரியர் ஏரியிலுள்ள ஐல் ராயல் தீவில் மினாங் ரிட்ஜ் (முகட்டு) பாதையை ஆகஸ்ட் கடைசியில் நடக்கத் திட்டம். மெக்கார்கோ கோவ் துறையில் படகிலிருந்து இறங்கி, மேற்கே வின்டிகோ வரை மூன்று நாள். அதே தீவின் கிரீன்ஸ்டோன் பாதையில் ஒரு நாளைக்கு 20 கி.மீ. நடந்த பழக்கம் உண்டு. தண்ணீருக்குப் புற ஊதா பேனாவும் குளோரின் மாத்திரையும் கைவசம் இருக்கின்றன. இதில் எங்கே இடிக்கும்?

கல்லடுக்கு:
கிரீன்ஸ்டோன் கணக்கை இங்கே போடாதீங்க. வழியிலுள்ள முகாம்களைப் பாருங்க: மெக்கார்கோவிலிருந்து டாட் ஹார்பர் சுமார் 11 கி.மீ., அங்கிருந்து லிட்டில் டாட் இன்னொரு 11, நார்த் லேக் டெசோர் 9, கடைசியாக வின்டிகோ 20. மொத்தம் ஐம்பது சொச்சம்தான். ஆனால் மணிக்கு 2 கி.மீ. நடந்தாலே நல்ல வேகம். நான்கு இரவு வையுங்க.

காரணம் பாறையின் சாய்வு. தீவின் எரிமலைப் பாறை அடுக்குகள் தென்கிழக்காகச் சாய்ந்து கிடக்கின்றன. அதனால் முகட்டின் வடக்குப் பக்கம் செங்குத்து, தெற்குப் பக்கம் சரிவு. பாதை முகட்டிலேயே நேராக ஓடாது. இடைவெளிக்கு இடைவெளி பள்ளத்தில் இறங்கி மறுபடி ஏறும். ஒவ்வொன்றும் சின்ன ஏற்றம்தான், எண்ணிக்கைதான் முழங்காலை வாங்கும்.

மொட்டைப் பாறையில் தடம் பதியாது, கல்குவியல்தான் வழிகாட்டி. வழி தப்புவது பெரும்பாலும் ஒரே மாதிரிதான்: பாறை முன்னால் அழகாக நீண்டு போகும், பாதையோ பக்கவாட்டில் காட்டுக்குள் திரும்பியிருக்கும். நூறு அடி வைத்தும் அடுத்த குவியல் தென்படாவிட்டால், கடைசியாகப் பார்த்த குவியலுக்கே திரும்பிப் போங்க. குறுக்கே வெட்டிப் போய்ப் பிடித்துவிடலாம் என்று கிளம்பினால் அரை நாள் காலி. மழை பெய்தால் பாறை மேல் பாசி போலப் படர்ந்திருக்கும் லைக்கன் சோப்பு மாதிரி வழுக்கும், வேகம் இன்னும் பாதியாகும்.

(கோவ் என்றால் சின்னக் குடா. 'மெக்கார்கோ கோவில்' என்று எழுதினால் நம்மாட்கள் கோபுரம் தேடுவார்கள்.)

வடிகட்டி:
பேனாவையும் மாத்திரையையும் வீட்டிலேயே வைத்துவிடுங்க. அந்தத் தீவில் ஓநாய்க்கும் மூஸ் மானுக்கும் இடையே சுற்றும் ஒரு நாடாப்புழு உண்டு. அதன் முட்டை ஓநாய் எச்சத்தின் வழியே தண்ணீரில் கலக்கும். நமக்குள் போனால் கல்லீரலிலும் நுரையீரலிலும் நீர்க்கட்டி வரும். புற ஊதா ஒளியையும் குளோரினையும் அந்த முட்டைக்கு எதிராக நம்ப முடியாது. 0.4 மைக்ரான் அல்லது அதைவிட நுண்ணிய வடிகட்டி வேண்டும், இல்லாவிட்டால் தளதளவென்று ஒரு நிமிடம் கொதிக்க வையுங்க.

இழைக்குழாய் வடிகட்டி (உள்ளே நுண்ணிய குழாய் இழைகள் கொண்டது) உறைந்துபோனால் உள்ளே கண்ணுக்குத் தெரியாமல் விரிசல் விடும். அதன் பிறகும் தண்ணீர் வரும், ஆனால் வடிகட்டாது. குளிர் இரவில் தூக்கப்பைக்குள் போட்டுக்கொள்ளுங்க.

தூரநடை:
நன்றி. அப்படியென்றால் வடிகட்டி இருந்தால் டெசோர் ஏரித் தண்ணீரைத் தைரியமாகக் குடிக்கலாமா?

வடிகட்டி:
பார்த்துத்தான். கோடைக் கடைசியில் உள்நாட்டு ஏரிகளில் நீலப்பச்சைப் பாசி பூக்கும். பச்சைப் பெயிண்ட் கொட்டினது போல் படலம் தெரிந்தால் தொடாதீங்க. அந்த நஞ்சு வடிகட்டினாலும் போகாது, கொதிக்க வைத்தாலும் போகாது. லிட்டில் டாட் சுபீரியர் ஏரிக்கரையிலேயே இருக்கிறது, அங்கே முழுசாக நிரப்பிக்கொண்டு கிளம்புவது நல்லது. டெசோர்–வின்டிகோ நாளுக்குக் குறைந்தது 3 லிட்டர். நடுவே கிடைப்பது பீவர் (அணை கட்டும் கொறிவிலங்கு) தேக்கிய குட்டைத் தண்ணீர். அதை முதலில் துணியில் வடியுங்க, இல்லாவிட்டால் வடிகட்டி பத்து நிமிடத்தில் அடைத்துக்கொள்ளும்.

ஈரக்கால்:
அந்தக் கடைசி 20 கி.மீ. பற்றி ஒரு வார்த்தை. பீவர்கள் அணை கட்டி பாதையையே மூழ்கடித்திருக்கும். போன வருடம் காய்ந்து கிடந்த இடம் இந்த வருடம் குளமாக இருக்கலாம். பல இடங்களில் அணை மேலேயே நடந்து கடக்கணும். பட்டை உரித்த வெள்ளைக் குச்சிகள் புதுசாக வைத்தவை, மிதித்தால் உருளும். சேறு பூசி இறுகின பகுதியில் கால் வையுங்க, ஊன்றுகோலால் முதலில் குத்திப் பாருங்க, பையின் இடுப்புப் பட்டையைக் கழற்றி விடுங்க. விழுந்தால் பை உங்களை அமுக்கக் கூடாது.

லிட்டில் டாட், நார்த் டெசோர் இரண்டிலும் ஷெல்டர் (கூரையுள்ள தங்குமிடம்) கிடையாது, கூடாரம் கட்டாயம். ராத்திரி பூட்ஸைக் கூடாரத்துக்கு உள்ளே வையுங்க, அங்கே நரி செருப்புத் திருடன்.

திரும்புவது மிதவை விமானத்திலா படகிலா என்று நீங்கள் சொல்லவில்லை. விமானம் என்றால் அடுப்பு எரிவாயு உருளையை ஏற்ற மாட்டார்கள், மிச்சத்துக்கு ஒரு வழி பண்ணணும். மின்னசோட்டா கரையிலுள்ள கிராண்ட் போர்டேஜுக்குப் போகும் படகு என்றால் கடிகாரத்தைக் கவனியுங்க: தீவில் கிழக்கு நேரம், அந்தக் கரையில் மத்திய நேரம், ஒரு மணி நேர வித்தியாசம். காற்றோ மூடுபனியோ வந்தால் விமானம், படகு இரண்டுமே தாமதப்படும். ஒரு நாள் சாப்பாடு கூடுதலாக இருக்கட்டும்.