ஆச்சியின் ராகு காலமும் அப்பாவின் ஏழு உருப்படியும்

எங்கள் ஊர் பாளையங்கோட்டை. அப்பாவைப் பெற்ற ஆச்சிக்கு எழுதப் படிக்கத் தெரியாது, மணி பார்க்க மட்டும் தெரியும். ஆனால் எந்தக் கிழமை எப்போது ராகு காலம் என்று கேட்டால், காலண்டர் பக்கம் திரும்பாமலே சொல்லிவிடுவார். 'திருநாள் சந்தடியில் வெளியில் புறப்பட்டு விளையாடச் செல்வது ஞாயமா' என்று ஒரு வரி உண்டல்லவா, அதுதான் அவருடைய கணக்கு. திங்கள், சனி, வெள்ளி, புதன், வியாழன், செவ்வாய், ஞாயிறு. திங்களுக்குக் காலை ஏழரையில் தொடங்கி, ஒவ்வொரு சொல்லுக்கும் ஒன்றரை மணி நேரம் கூட்டிக்கொண்டே வந்தால் போதும். விரல் மடக்கி, உதடு அசைய அவர் அதைச் சொல்வதைப் பார்க்கவே அவ்வளவு அழகாக இருக்கும்.

அப்பாவின் பழக்கம் வேறு. ரயிலுக்கு இரண்டு மணி நேரம் முன்னாலேயே ஜங்ஷனில் நிற்க வேண்டும். சாமான்களை 'உருப்படி' என்று எண்ணுவார். வாசலில் ஒருமுறை, ஆட்டோவில் ஏற்றும்போது ஒருமுறை, பிளாட்பாரத்தில் ஒருமுறை.

ஞாயிற்றுக்கிழமை சாயந்திரம் மெட்ராஸுக்கு நெல்லை எக்ஸ்பிரஸில் கிளம்பினால் இரண்டு பேருக்கும் முட்டும். அப்பா ஐந்து மணிக்கே புறப்படத் துடிப்பார். நாலரை முதல் ஆறு வரை ராகு காலம். ஆச்சி அதற்கும் வழி வைத்திருந்தார். நாலேகாலுக்கே ஒரு பையை எடுத்து, பக்கத்து வீட்டுத் திண்ணையில் வைத்துவிடுவார். நல்ல நேரத்தில் பயணம் கிளம்பியாயிற்று என்று கணக்கு. போகிற வழியில் அதை எடுத்துக்கொள்ள வேண்டியதுதான்.

ஒருதடவை எடுக்க மறந்துவிட்டோம். பிளாட்பாரத்தில் அப்பா எண்ணினார், ஆறு. மறுபடி எண்ணினார், ஆறுதான். தங்கச்சியைத் தூக்கி நிறுத்தி அவள் பின்னால் பார்த்தார். அம்மாதான் மெதுவாக, "திண்ணைல இருக்குல்லா" என்றாள். அப்பா ஆட்டோ பிடித்துத் திரும்பப் போனார். அங்கே ஆச்சி பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாராம். மணி ஆறு அடித்த பிறகுதான் கையில் கொடுத்தார். "பதறாத. பையாவது நல்ல நேரத்துல கிளம்பட்டும்." அப்பா வந்து சேர்ந்த பிறகும் வண்டிக்கு நேரம் இருந்தது. அவர் அவ்வளவு முன்னதாகக் கூட்டிக்கொண்டு போயிருக்காவிட்டால் அன்றைக்கு வண்டியை விட்டிருப்போம்.

அம்மாவைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஹார்லிக்ஸ் பாட்டிலில் துவரம்பருப்பு, பிஸ்கட் டின்னில் மிளகாய் வத்தல். எதில் எது என்று அவளுக்கு மட்டும்தான் தெரியும். அப்புறம் பெரியம்மா. போனில் பேசும்போது தூரத்தைப் பார்த்துத்தான் அவர் குரல் ஏறும். தென்காசி என்றால் சாதாரணமாகப் பேசுவார். பம்பாயில் இருந்த சித்தப்பாவிடம் பேசினால் தெரு முழுக்கச் சேதி தெரிந்துவிடும். டிரங்க் கால் காலத்தில் கத்திக் கத்திப் பேசிய பழக்கம், செல்போன் வந்த பிறகும் போகவில்லை.

ஆச்சி போய்ப் பல வருஷம் ஆயிற்று. ராகு காலம், குளிகை எதிலும் அப்பாவுக்கு நம்பிக்கை கிடையாது, அதற்காக ஆச்சியோடு எத்தனையோ நாள் சண்டை போட்டிருக்கிறார். போன மாதம் சென்னையில் என் வீட்டுக்கு வந்துவிட்டு ஊருக்குத் திரும்பினார். ஞாயிற்றுக்கிழமை. நான் குளித்துவிட்டு வந்து பார்த்தால் அவருடைய பையைக் காணவில்லை. எதிர் ஃபிளாட் கதவு திறந்திருந்தது. அங்கே இருக்கிற தஞ்சாவூர் மாமி பையை வாங்கி உள்ளே வைத்துக்கொண்டு, "எத்தனை மணிக்கு எடுத்துக்கறேள்?" என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

"அஞ்சு மணிக்கு" என்றார் அப்பா. அப்புறம் என் பக்கம் திரும்பி, "மறக்காம எடுக்கணும். மொத்தம் மூணு உருப்படி" என்றார்.